எதிர்த்தரப்பின் வாதத்தை முதலில் சொல்லட்டும்

பெருமதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கிறிஸ்தவர்களிடையே கருத்து பிளவுபட்டிருக்கும் கேள்விகள் குறித்துத் தங்கள் நாளிதழின் வாசகர் பக்கத்தில் அண்மைக் காலமாக வெளிவரும் கடிதங்களைத் தொடர்ந்து படித்துவருகிறேன். பெண்களைக் குருக்களாக அபிஷேகம் செய்யலாமா, தன்பாலின ஈர்ப்புடைய விசுவாசிகளைச் சபை எவ்வாறு நடத்த வேண்டும், நரக தண்டனை முடிவற்றதா என்பன போன்றவை பொதுவெளியில் பேசப்படுவதை வரவேற்கிறேன். ஆனால் அக்கடிதங்களில் பெரும்பாலானவை, மாற்றுக் கருத்துடையவர் என்னதான் சொல்கிறார் என்பதற்கு ஒரு வரிகூட ஒதுக்காமல், அவர் எப்படிப்பட்ட மனிதர் என்ற தீர்ப்பில் தொடங்கி அந்தத் தீர்ப்பிலேயே முடிகின்றன. ஒரு சாரார் மற்றவர்களை வேதத்தை விட்டு விலகியவர்கள் என்கிறார்கள். அவர்களோ இவர்களை சட்டத்தின் எழுத்தையே பிடித்துத் தொங்கும் இரக்கமற்ற பரிசேயர் என்கிறார்கள். இரண்டையும் கண்டு சலித்துப்போன வேறு சிலர், கொள்கையில் என்ன இருக்கிறது, அன்பு இருந்தால் போதாதா என்று கேட்டு விவாதத்தையே மூடிவிடப் பார்க்கிறார்கள்.

கடைசியாகச் சொன்னவர்களின் நல்லெண்ணத்தை மதிக்கிறேன். அவர்கள் சொல்லும் வழி சரியென்று எனக்குத் தோன்றவில்லை. கிறிஸ்து எழுந்திருக்கவில்லை என்றால் எங்கள் பிரசங்கமும் வீண், உங்கள் விசுவாசமும் வீண் என்ற பொருளில் அப்போஸ்தலர் பவுல் கொரிந்து நகரச் சபைக்கு எழுதினார். திருச்சபை உலகுக்குச் சொல்லும் செய்தி, நடந்தது ஒன்றைப் பற்றிய சாட்சியம். சாட்சியம் என்றால் அது மெய்யா பொய்யா என்ற கேள்வியும் உடன் வந்தே தீரும். 325ஆம் ஆண்டில் நிசேயாவில் கூடிய ஆயர்கள், மகனாகிய கிறிஸ்து தந்தையாகிய கடவுளோடு ஒரே தன்மையுடையவரா என்று மல்லாடியது வேலையற்றவர்களின் சொற்சிலம்பம் அன்று. அவர்கள் மறுத்த ஆரியுஸ் என்ற குரு போதித்தபடி மகன் படைக்கப்பட்டவரே என்றால், அவரைத் தொழுதுவந்த சபை அதுவரை ஒரு படைப்பையே தொழுதுவந்தது என்றாகும். இத்தகைய கேள்வியில் இரு தரப்பும் சரி என்று சொல்வதற்கு அன்பு என்று பெயரிட முடியாது.

அதே பவுல் எல்லாக் கருத்து வேறுபாடுகளையும் ஒரே தராசில் நிறுத்தவில்லை என்பதைத்தான் நம் கடிதக்காரர்கள் கவனிக்கத் தவறுகிறார்கள். ரோமருக்கு எழுதிய நிருபத்தின் 14ஆம் அதிகாரத்தில், ஒருவர் ஒரு நாளை மற்றொரு நாளைவிட விசேஷமாக எண்ணுகிறார், இன்னொருவர் எல்லா நாளையும் சமமாக எண்ணுகிறார், அவரவர் தம் மனத்தில் முழு நிச்சயம் உடையவராயிருக்கட்டும் என்று அவர் விட்டுவிடுகிறார். கலாத்தியருக்கு எழுதும்போதோ, நீங்கள் நாள்களையும் மாதங்களையும் காலங்களையும் அனுசரிக்கிறீர்களே, நான் உங்களுக்காகப் பட்ட பாடு வீணாயிற்றோ என்று அஞ்சுகிறார். அந்த நிருபத்தில்தான், அந்தியோகியாவில் பேதுருவை முகத்துக்கு நேராக எதிர்த்து நின்றதையும் சொல்கிறார். நாள் பார்ப்பது என்ற ஒரே வழக்கம் ஓரிடத்தில் சகோதர சுதந்திரமாகவும் மற்றோரிடத்தில் ஆபத்தாகவும் தெரிவது ஏன்? ரோமாபுரியில் ஒருவர் தம் மனசாட்சியின்படி அதைச் செய்தார். கலாத்தியாவிலோ யூதச் சடங்கான விருத்தசேதனத்தோடு சேர்த்து அதையும் மற்றவர்களின் தோளில் ஏற்றி, இல்லாவிட்டால் உங்கள் விசுவாசம் குறையுடையது என்று சிலர் போதித்தார்கள். ஆகவே எதைப் பற்றிய சச்சரவு என்று கேட்பதோடு நில்லாமல், அதன்மேல் எவ்வளவு பாரம் ஏற்றப்பட்டிருக்கிறது, அதை ஏற்றியவர் யார் என்றும் கேட்க வேண்டியிருக்கிறது. (அடிப்படையானவற்றில் ஒற்றுமை, மற்றவற்றில் சுதந்திரம், எல்லாவற்றிலும் அன்பு என்ற வாக்கை ஆதித் திருச்சபையின் இறையியலாளர் அகுஸ்தீன் சொன்னதாகப் பலர் மேற்கோள் காட்டுகிறார்கள். அது 17ஆம் நூற்றாண்டில் பிறந்த வாக்கு. யார் சொல்லியிருந்தாலும், எது அடிப்படை என்பதில்தானே சண்டையே!)

அந்தப் பாரத்தைத் தவறாக நிறுத்தால் என்ன நேரும் என்பதற்கு வரலாற்றில் இரத்தக்கறை படிந்த சான்றுகள் இருக்கின்றன. குழந்தைகளுக்கு ஞானஸ்நானம் கொடுப்பதை மறுத்து, விசுவாசத்தை அறிக்கையிடுவோருக்கே அது உரியது என்று போதித்த பெலிக்ஸ் மான்ஸை, 1527 ஜனவரியில் சூரிச் நகர மன்றம் லிம்மட் ஆற்றில் மூழ்கடித்துக் கொன்றது. வேத வசனமே எங்களுக்கு அதிகாரம் என்று முழங்கிச் சில ஆண்டுகளுக்கு முன்புதான் சீர்திருத்தத்துக்குள் வந்திருந்த நகரம் அது. இன்று அந்தக் கேள்வியில் எதிரெதிர் நிலையில் இருப்பவர்கள் ஒரே மேசையில் அமர்ந்து ஜெபிக்கிறார்கள். கேள்வி தீர்ந்துவிடவில்லை, அதன்மேல் வைத்திருந்த பாரம் மட்டும் இறங்கியிருக்கிறது.

எதிர்த்தரப்பை எப்படிக் கையாள்வது என்பதற்கு நம் மரபிலேயே ஒரு முறை உண்டு. 13ஆம் நூற்றாண்டில் தாமஸ் அக்குவினாஸ் தம் இறையியல் பெருநூலில் எந்தக் கேள்வியை எடுத்தாலும், தாம் ஏற்காத வாதங்களையே முதலில் வரிசையாக வைப்பார். தம் பதில் அதன் பிறகுதான் வரும். கடவுள் உண்டா என்ற கேள்விக்கு அவர் முதலில் எழுதுவது, எல்லையற்ற நன்மையாகிய கடவுள் இருந்தால் தீமைக்கு இடமேது என்ற வாதத்தை; அடுத்து எழுதுவது, உலகில் காண்பவற்றை எல்லாம் இயற்கையையும் மனித அறிவையும் கொண்டே விளக்கிவிடலாமே, கடவுள் எதற்கு என்ற வாதத்தை. இன்றைய நாத்திகர் ஒருவர் தம் கட்சியைச் சுருக்கமாகச் சொல்ல விரும்பினால் அந்தச் சில வரிகளை அப்படியே எடுத்துக்கொள்ளலாம். அக்குவினாஸுக்குத் தம் முடிவில் ஐயம் இருந்தது என்று அவரைப் படித்த யாரும் சொல்லமாட்டார்கள். உறுதியும் நேர்மையும் ஒரே பக்கத்தில் இருக்க முடியும் என்பதற்காகவே அவரைக் குறிப்பிடுகிறேன்.

நிதானமாகப் பேசுவது என்றால் குரலைத் தாழ்த்திக்கொள்வது என்று சிலர் நினைக்கிறார்கள். 18ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தின் புகழ்பெற்ற பிரசங்கிகளான ஜான் வெஸ்லியும் ஜார்ஜ் வொயிட்ஃபீல்டும் முன்குறித்தல் கோட்பாட்டில் மோதிக்கொண்டதைப் பார்த்தால் அப்படித் தோன்றாது. இரட்சிக்கப்படுவோரைக் கடவுள் முன்கூட்டியே தெரிந்துகொண்டார் என்ற அந்தப் போதனை, கடவுளைப் பிசாசினும் கொடியவராகக் காட்டுகிறது என்று வெஸ்லி 1739இல் பிரசங்கித்தார். அதற்கு மறுப்பெழுதிய வொயிட்ஃபீல்டு, வெஸ்லி சீட்டுப் போட்டுப் பார்த்து முடிவெடுத்த அந்தரங்கமான செய்தியையும் அதில் அம்பலப்படுத்தினார். பின்னர் அதற்காக மன்னிப்பும் கேட்டார். இருவரின் இயக்கங்களும் பிரிந்தே நின்றன. ஆயினும் 1770இல் வொயிட்ஃபீல்டு இறந்தபோது லண்டனில் இரங்கல் பிரசங்கம் செய்தவர் வெஸ்லிதான். ஒருவர் கருத்தை மற்றவர் கடைசிவரை ஏற்கவில்லை. ஒருவர் கிறிஸ்துவைச் சேர்ந்தவர் என்பதை மற்றவர் கடைசிவரை மறுக்கவும் இல்லை. எனக்கு இது, கடுமையான சொல் ஏதுமின்றிப் பிரிந்து பிறகு ஒருவரையொருவர் திரும்பிப் பாராதவர்களின் நாகரிகத்தைவிட மேலானதாகப் படுகிறது.

இம்முறையால் பலன் உண்டா என்று கேட்பவர்களுக்கு, 1999 அக்டோபர் 31 அன்று ஆக்ஸ்பர்க் நகரில் கத்தோலிக்கத் திருச்சபையும் உலக லூத்தரன் கூட்டமைப்பும் கையெழுத்திட்ட கூட்டறிக்கையைச் சுட்டிக்காட்டுவேன். மனிதன் கடவுளுக்கு முன் நீதிமானாக்கப்படுவது விசுவாசத்தினாலா, கிரியைகளினாலா என்ற வாதம் மேற்கத்தியத் திருச்சபை பிளவுபட முதன்மையான காரணங்களுள் ஒன்று. அந்த அறிக்கை, எல்லோரும் ஒன்றையேதான் சொல்லிக்கொண்டிருந்தோம் என்று மழுப்பவில்லை. ஒவ்வொரு தலைப்பிலும் இருவரும் சேர்ந்து அறிக்கையிடுவது என்ன என்று முதலில் சொல்லி, பின்பு லூத்தரன் விளக்கத்தையும் கத்தோலிக்க விளக்கத்தையும் தனித்தனியே வைக்கிறது. 16ஆம் நூற்றாண்டில் ஒருவர்மேல் ஒருவர் விதித்த கண்டனங்கள், இங்கே விளக்கப்பட்டிருக்கும் மற்றவரின் போதனையைத் தாக்கவில்லை என்ற முடிவுக்கு வருகிறது. ஜெர்மனியில் நூற்றுக்கும் மேற்பட்ட புராட்டஸ்டன்ட் இறையியல் பேராசிரியர்கள் அதை எதிர்த்ததும் உண்மையே. எனினும் 2006இல் மெதடிஸ்டுகளும் 2017இல் சீர்திருத்த சபைகளின் உலக அமைப்பும் அதில் இணைந்தன. ஏறத்தாழ 480 ஆண்டுகள் கழித்தாவது, நீங்கள் சொல்வது இதுதானா என்று எதிரில் இருப்பவரிடமே கேட்டுப்பார்த்ததன் விளைவு அது.

இவ்வளவு சொன்ன பிறகு, இந்த முறைக்கு ஓர் எல்லை உண்டு என்பதையும் சொல்லியாக வேண்டும். அமெரிக்காவின் பாப்டிஸ்ட் சபையார் 1845இல் பிரிந்தது அடிமைமுறையை முன்னிட்டு. அதற்கு முந்தைய ஆண்டு மெதடிஸ்டுகளும் அவ்வாறே பிளந்தார்கள். அடிமைமுறையை ஆதரித்தவர்களிடம் வசனங்களுக்குப் பஞ்சமில்லை: கானான்மேல் நோவா இட்ட சாபம், எஜமான்களுக்குக் கீழ்ப்படியுங்கள் என்ற நிருபங்களின் அறிவுரை என்று அடுக்கினார்கள். மனிதனைத் திருடி விற்பவன் கொலைசெய்யப்பட வேண்டும் என்ற யாத்திராகமச் சட்டத்தை எதிர்த்தரப்பு எடுத்துக்காட்டியது. இரு பக்கமும் நேர்மையான விசுவாசிகள் இருக்கிறார்கள், பொறுமையாகப் பேசித் தீர்ப்போம் என்று நடுநிலை பேசியவர்களும் இருந்தார்கள். அந்த நடுநிலைக்கான விலையைக் கொடுத்தவர், பேச்சு நடந்த மேசையில் இடமே இல்லாத அடிமை. 1845இல் பிறந்த தெற்கத்திய பாப்டிஸ்ட் மாநாடு, அதற்காக வருத்தம் தெரிவித்து மன்னிப்புக் கேட்டது 1995இல். ஒரு கேள்வி ஒரு மனிதரின் உடலையும் வாழ்வையும் நேரடியாகத் தொடுகிறது என்றால், அவர் அறைக்குள் இல்லாதபோது நடக்கும் பேச்சு எவ்வளவு பண்பாக இருந்தாலும் அது குறைப்பேச்சே.

இதை மனத்தில் வைத்துக்கொண்டு தங்கள் பக்கத்தில் வந்த கடிதங்களுக்கு வருகிறேன். பெண் குருத்துவத்தை நான் ஆதரிக்கிறேன். ஆனால் அதை எதிர்ப்பவர்கள் அனைவரும் பெண்ணைத் தாழ்வாக எண்ணுபவர்கள் என்று எழுதிய வாசகர், 1994 மே மாதம் திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் வெளியிட்ட மடலின் வாதத்தைக் குறிப்பிடவே இல்லை. கிறிஸ்து பன்னிரு ஆண்களைத் தெரிந்துகொண்டார், அதை மாற்றும் அதிகாரம் திருச்சபைக்கு இல்லை என்பதே அதன் சாரம்; மறுக்க வேண்டியது அதைத்தான். அதேபோல், ஆதரிப்பவர்கள் வேதத்தைத் தள்ளிவிட்டார்கள் என்று எழுதியவர், ரோமர் 16இல் சபையின் ஊழியக்காரி என்று பவுல் போற்றும் பெபேயாளையும், சபையில் தீர்க்கதரிசனம் சொல்லும் பெண்களைப் பற்றி 1 கொரிந்தியர் 11இல் உள்ளதையும் தொடவில்லை. நரகத்தைப் பற்றி எழுதியவர்களும் இப்படியே. நித்திய தண்டனை என்போர் மத்தேயு 25ஐயும், அழிந்துபோதல் என்போர் மத்தேயு 10:28ஐயும், எல்லாம் இறுதியில் கடவுளிடம் சேரும் என்று நம்புவோர் 1 கொரிந்தியர் 15:28ஐயும் காட்டுகிறார்கள். தம் வசனத்தை மட்டும் சொன்னால் விவாதம் தொடங்கவே இல்லை என்று பொருள்.

தன்பாலின ஈர்ப்பு பற்றிய கடிதங்கள்தான் என்னை மிகவும் வருத்தின. திருமணம் ஆணுக்கும் பெண்ணுக்கும் உரியது என்போரின் வாதம் லேவியராகமத்தின் ஒரு வசனத்தில் தொங்கிக்கொண்டிருக்கவில்லை; மத்தேயு 19இல் இயேசு படைப்பின் தொடக்கத்தையே எடுத்துக்காட்டியதில் அது வேரூன்றியிருக்கிறது. மறுதரப்பார், பவுல் ரோமர் 1இல் கண்டித்தது உண்மையுள்ள வாழ்நாள் துணையையா என்று கேட்கிறார்கள். யூதரல்லாத புறஜாதியாரை ஏற்பது பற்றி அப்போஸ்தலர் 15இல் சபை ஆவியானவரின் செயலைக் கண்டு முடிவெடுத்ததை நினைவூட்டுகிறார்கள். அதே தீர்மானம் வேசித்தனத்துக்கு விலகியிருக்கவும் சொன்னதே என்று முதல் தரப்பார் திருப்பிக் கேட்பதும் நியாயமான கேள்விதான். இந்த வாதம் எங்கே போய் முடியும் என்று இக்கடிதத்தில் நான் சொல்லப்போவதில்லை. ஆனால் வெளியான கடிதங்களில் ஒன்றுகூட, அந்த வாழ்வை வாழ்கிற விசுவாசி ஒருவர் எழுதியதாக இல்லை. துறவு நிலையைத் தம் அழைப்பாக ஏற்றவரும் எழுதவில்லை, துணையோடு வாழ்பவரும் எழுதவில்லை. அவர்களைப் பற்றி மற்றவர்கள்தான் எழுதினார்கள்.

ஆகவே தங்களிடம் ஒரு வேண்டுகோள். இத்தகைய கேள்விகளில் கடிதம் எழுதும் எவரிடமும், தாம் மறுக்கும் கருத்தை, அதை உடையவரே ஆம், நான் சொல்வது இதுதான் என்று ஒப்புக்கொள்ளக்கூடிய வகையில் இரண்டு வாக்கியங்களில் முதலில் எழுதக் கேளுங்கள். அதை எழுத இயலாதவரின் கடிதம் காத்திருக்கலாம். எந்த மனிதர்களைப் பற்றிய கேள்வியோ, அவர்கள் எழுதியது வந்தால், பெயரை மறைத்தேனும் அதற்கு முன்னிடம் தாருங்கள். பக்கத்தில் இடம் போதாமல் கடிதங்களைச் சுருக்க நேரும்போது, எதிர்த்தரப்பைப் பற்றிய அந்த இரண்டு வாக்கியங்களில் மட்டும் கைவைக்க வேண்டாம். இக்கடிதத்துக்கு வரும் மறுப்புகளிலும் அவற்றை எதிர்பார்க்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகர்