போர்டு போகவில்லை, பின் மாறியிருக்கிறது

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

பண்டிகைத் தள்ளுபடியில் ஸ்மார்ட் டிவி வாங்கி, வீட்டில் ஏற்கெனவே இருக்கும் ஹோம் தியேட்டரிலோ ஆம்ப்ளிஃபையரிலோ இணைக்கிறவர்கள் தருமபுரி, கிருஷ்ணகிரி பக்கம் நிறையப் பேர். படம் பளிச்சென்று வருகிறது, ஆம்ப் மட்டும் வாயைத் திறப்பதில்லை. உடனே டிவியைச் சுவரிலிருந்து கழற்றிப் போர்வையில் சுற்றி ஆட்டோவில் ஏற்றிவிடுகிறார்கள். போன இடத்தில் திறந்துகூடப் பார்க்காமல் "போர்டு போச்சு" என்று சொல்லிவிடுவதும் நடக்கிறது. பெரும்பாலும் போர்டு போயிருக்காது. வயர் தப்பான ஓட்டையில் இருக்கும், இல்லாவிட்டால் டிவி அனுப்பும் சத்தம் ஆம்ப்புக்குப் புரியாத பாஷையில் இருக்கும். இரண்டையும் வீட்டிலேயே பார்த்துவிடலாம்.

ஆம்ப் உயிரோடு இருக்கிறதா என்று முதலில் தெரிய வேண்டும். அதிலேயே எஃப்எம் வைத்தோ, போனிலிருந்து புளூடூத்தில் ஒரு பாட்டு விட்டோ பாருங்கள். பாடினால் ஸ்பீக்கரும் ஆம்ப்பும் நன்றாக இருக்கின்றன. பாடவில்லையென்றால் முன்பக்கத்தில் ஹெட்ஃபோன் பின் ஏதாவது செருகியிருக்கிறதா, ஸ்பீக்கர் ஏ, பி பொத்தான் அணைந்திருக்கிறதா, பின்னால் ஸ்பீக்கர் வயரின் இழை ஒன்று பக்கத்து முனையைத் தொட்டு 'புரொடெக்ட்' என்று காட்டுகிறதா என்று பாருங்கள்.

அடுத்த கேள்வி, சத்தம் எதில் வரவில்லை என்பது. சேனல் ஓடுகிறது, யூடியூப் ஊமை என்றால் எதுவுமே பழுதில்லை. பழைய டிவி இருந்த காலத்தில் அரசு கேபிள் பாக்ஸிலிருந்தோ டிஷ் பாக்ஸிலிருந்தோ சிவப்பு, வெள்ளைப் பின்னை நேராக ஆம்ப்பில் செருகியிருப்பார்கள். புது டிவி வந்த பிறகும் அந்த வயரை யாரும் தொட்டிருக்க மாட்டார்கள். சேனலின் சத்தம் பாக்ஸிலிருந்து கிளம்புகிறது, அதனால் ஆம்ப்புக்குப் போய்ச் சேர்கிறது. யூடியூப் டிவிக்குள்ளேயே ஓடுவது. அது ஆம்ப்புக்குப் போக வழியே போட்டிருக்காது. டிவியிலிருந்து ஆம்ப்புக்குத் தனியாக ஒரு வயர் போட்டால் சேனல், யூடியூப் இரண்டும் அதிலேயே வந்துவிடும். பழைய சிவப்பு, வெள்ளையை எடுத்துவிடலாம்.

அந்த வயரை எங்கே செருகுவது என்பதில்தான் முக்கால்வாசித் தவறு. பல டிவிகளில் 3.5 மி.மீ. ஓட்டை இரண்டு இருக்கும். ஒன்று ஹெட்ஃபோனுக்கானது, சத்தம் வெளியே வரும். இன்னொன்றில் 'ஏவி இன்' என்று போட்டிருக்கும். அது உள்ளே வாங்கத்தான், அதில் ஆம்ப்பைச் செருகி எத்தனை நாள் காத்திருந்தாலும் சத்தம் வராது. 'இன்' என்று எழுதியதைப் படிக்காமல் செருகுவதால்தான் பல டிவிகளுக்குப் பழுது என்ற பெயர் வருகிறது.

படம், சத்தம் இரண்டையும் ஒன்றாகக் கொண்டுபோவது எச்டிஎம்ஐ வயர். அதே வயரில் டிவியின் சத்தம் ஆம்ப்புக்குத் திரும்பி வரும் வசதிக்கு ஏஆர்சி என்று பெயர். 2009-இல் வந்த எச்டிஎம்ஐ 1.4 முதல் இது உண்டு. அதற்கு முந்தைய ரிசீவரில் (பல இன்புட் உள்ள ஹோம் தியேட்டர் ஆம்ப்) தேடினால் கிடைக்காது. டிவியில் மூன்று நான்கு எச்டிஎம்ஐ ஓட்டை இருந்தாலும் பொதுவாக ஒன்றே ஒன்றில்தான் ஏஆர்சி என்று எழுதியிருக்கும். அது எத்தனாம் நம்பர் என்பது மாடலுக்கு மாடல் மாறும். ரிசீவர் பக்கம் வயரைச் செருக வேண்டியது 'எச்டிஎம்ஐ அவுட்' ஓட்டையில். டிவி சத்தத்தை அனுப்புகிறது, ரிசீவர் வாங்குகிறது, ஆகவே 'இன்' என்றுதான் எல்லோருக்கும் தோன்றும். ஆனால் அந்த வயர் ரிசீவரிலிருந்து டிவிக்குப் படம் போவதற்காகப் போட்டது. சத்தம் அதே வயரில் எதிர்த்திசையில் வருகிறது. அதனால் 'அவுட்'தான் சரி.

வயர் சரியாக இருந்தும் வரவில்லையென்றால் பெரும்பாலும் சிஇசி அணைந்திருக்கும். எச்டிஎம்ஐயில் இணைத்த பெட்டிகள் ஒன்றோடொன்று பேசிக்கொள்ளும் வசதி அது. இந்தப் பெயரை டிவி மெனுவில் தேடிக் கண்டுபிடிப்பது கஷ்டம். ஒவ்வொரு கம்பெனியும் தன் பங்குக்கு ஒரு பெயர் வைத்திருக்கிறது: சாம்சங்கில் எனிநெட் பிளஸ், எல்ஜியில் சிம்ப்லிங்க், சோனியில் பிராவியா சிங்க், பானசோனிக்கில் வியெரா லிங்க். அதை ஆன் செய்துவிட்டு, சவுண்ட் அவுட்புட்டை டிவி ஸ்பீக்கரிலிருந்து ரிசீவருக்கு மாற்றுங்கள். ரிசீவர் மெனுவிலும் எச்டிஎம்ஐ கன்ட்ரோல், ஏஆர்சி இரண்டையும் ஆன் செய்து, இன்புட்டை 'டிவி' என்பதில் வையுங்கள். டிவி மெனுவைத் தமிழில் வைத்திருப்பவர்கள் இந்த வேலை முடியும்வரை ஆங்கிலத்துக்கு மாற்றிக்கொண்டால் தேடல் பாதியாகும்.

நேற்றுவரை நன்றாக இருந்தது, கரண்ட் போய் வந்ததிலிருந்து சத்தம் இல்லை என்கிறவர்கள் மெனுவுக்குள் போகவே வேண்டாம். இரண்டு பெட்டிகளும் ஒரே நேரத்தில் உயிர் பெறும்போது ஒன்றையொன்று அடையாளம் காணாமல் போவதுண்டு. ரிமோட்டில் அணைத்தால் போதாது. இரண்டின் பிளக்கையும் சுவரிலிருந்து பிடுங்கி 5 நிமிடம் விடுங்கள். பிறகு டிவிக்கு மட்டும் கரண்ட் கொடுத்து, அது முழுவதும் எழுந்த பின் ஆம்ப்பைப் போடுங்கள். நடுவில் எச்டிஎம்ஐ ஸ்பிளிட்டரோ சுவிட்ச் பெட்டியோ இருந்தால் அதைக் கழற்றி நேராக இணைத்துப் பாருங்கள். பல மலிவுப் பெட்டிகள் திரும்பி வரும் சத்தத்தை விடுவதில்லை. நீளமான ஃபைபர் எச்டிஎம்ஐ வயர் போட்டவர்கள் இரு முனைகளிலும் எழுதியிருப்பதைப் படியுங்கள். 'டிஸ்பிளே' என்ற முனை டிவிக்குத்தான் போக வேண்டும்.

ஏஆர்சி இல்லாத ரிசீவருக்கு, சத்தத்தை வெளிச்சமாக அனுப்பும் ஆப்டிகல் வயர் போதும். இதைச் சோதிப்பது சுலபம். டிவியில் ஒரு முனையைச் செருகி, மறுமுனையை உள்ளங்கைக்கு நேராகப் பிடித்தால் கையில் சிவப்புப் புள்ளி விழும். விழாவிட்டால் டிவியில் ஆப்டிகல் அவுட்புட் தேர்வாகவில்லை, அல்லது வயர் எங்கோ மடிந்து உள்ளே ஒடிந்திருக்கிறது. புள்ளி விழுந்தும் சத்தம் இல்லையென்றால் முனைகளை வெளிச்சத்தில் உற்றுப் பாருங்கள். புது வயரின் மூக்கில் சின்னக் கண்ணாடி நிற பிளாஸ்டிக் மூடி மாட்டியிருக்கும். அது கண்ணுக்குத் தெரியாது. அதோடு செருகினால் பின் கடைசிவரை இறங்காது. சரியாக இறங்கினால் 'டக்' என்று கேட்கும். ஆப்டிகலில் இன்னொன்று: டிவி ரிமோட்டில் சத்தத்தைக் கூட்டினாலும் குறைத்தாலும் பொதுவாக ஆம்ப்பில் எதுவும் மாறாது. ஆம்ப் வால்யூம் அடியில் கிடக்க, டிவி ரிமோட்டை அமுக்கிக்கொண்டே இருந்தால் பயனில்லை.

இனி பாஷைச் சிக்கல். யூடியூப்பில் வருகிறது, ஓடிடி சினிமாவில் வரவில்லை, அல்லது கரகரவென்று இரைகிறது என்றால் சந்தேகமே வேண்டாம், இதுதான். யூடியூப் வீடியோக்கள் பெரும்பாலும் இரண்டு சேனல் சத்தம். ஓடிடி சினிமாக்கள் பல டால்பி டிஜிட்டல் பிளஸ் என்ற சுருக்கிய வடிவில் 5.1 ஆக, அதாவது ஐந்து ஸ்பீக்கருக்கும் ஒரு சப்வூஃபருக்கும் தனித்தனிச் சத்தமாக, வருகின்றன. டிவி 'ஆட்டோ' அல்லது 'பாஸ்த்ரூ'வில் இருந்தால் அதை இரண்டு சேனலாக மாற்றாமல் டால்பியாகவே வெளியே தள்ளிவிடும். நம் ஊர்களில் அசெம்பிள் செய்த ஆம்ப்புகளோடு விற்கும் ஆப்டிகல் கன்வெர்ட்டர் பெட்டிகள் பலவற்றுக்கு பிசிஎம் (சுருக்காத சாதாரண டிஜிட்டல் சத்தம்) ஒன்றுதான் தெரியும். வேறு எது வந்தாலும் மௌனம், அல்லது இரைச்சல். டிவியின் டிஜிட்டல் அவுட்புட்டை பிசிஎம்முக்கு மாற்றினால் அந்த நொடியே சத்தம் வரும். ஆனால் 5.1 போய் இரண்டு சேனல்தான் கிடைக்கும். அதை ஆம்ப்பில் இருக்கும் புரோலாஜிக் போர்டு ஐந்து ஸ்பீக்கருக்கும் பிரித்துக் கொடுக்கும். கேட்க நன்றாக இருந்தாலும் அது அசல் 5.1 இல்லை.

அசல் வேண்டுமென்றால் டால்பி டிஜிட்டல் டீகோடர் (அந்தப் பாஷையைப் பிரித்துப் படிக்கும் பகுதி) உள்ள ஆம்ப் வேண்டும், டிவியிலும் 'ஆட்டோ'வை விட்டு 'டால்பி டிஜிட்டல்' என்றே வைக்க வேண்டும். ஆப்டிகலில் டால்பி டிஜிட்டல் பிளஸ் போகாது, தலைக்கு மேலிருந்தும் சத்தம் வரவைக்கும் டால்பி அட்மாஸும் போகாது. அதற்கு எச்டிஎம்ஐதான். பென் டிரைவில் உள்ள சில படங்கள் மட்டும் ஊமையாக இருந்தால் அந்தப் படத்தின் ஆடியோ பெரும்பாலும் டிடிஎஸ் ஆக இருக்கும். டால்பிக்குப் போட்டியான இன்னொரு ஒலி வடிவம் அது. சாம்சங் 2018 முதலும், எல்ஜி 2020 முதல் சில ஆண்டுகளும் தங்கள் டிவிகளில் டிடிஎஸ்ஸை நிறுத்தின. அதற்கு எந்த செட்டிங்கும் உதவாது. வேறு ஆடியோ உள்ள ஃபைலைத் தேட வேண்டியதுதான்.

உண்மையிலேயே போர்டு போவதும் உண்டு. இடி மழையில் கேபிள் வயர் வழியாக வரும் மின்சாரம் ஒரு காரணம். இரண்டு முள் பிளக் போட்ட, எர்த் இல்லாத ஆம்ப்பின் உடம்பில் கசியும் மின்சாரம் இன்னொன்று. தொட்டால் விறுவிறுக்கும் ஆம்ப்பில் கரண்ட் ஓடும்போது எச்டிஎம்ஐயைச் செருகினால் முதலில் அடிபடுவது அந்த ஓட்டைதான். சுவிட்சை அணைத்துவிட்டுச் செருகுங்கள். எச்டிஎம்ஐ ஓட்டை செத்திருந்தாலும் ஆப்டிகல் பெரும்பாலும் வேலை செய்யும். போர்டு மாற்றப் பணம் கொடுக்கும் முன் அதைச் சோதித்துக் காட்டச் சொல்லுங்கள். பெங்களூரிலிருந்து செகண்ட் ஹேண்ட் ரிசீவர் வாங்கி வரும் ஓசூர்க்காரர்கள் பின்பக்கம் 120 வோல்ட் என்று இருக்கிறதா என்று பார்த்துவிட்டு பிளக்கைத் தொடவும். அமெரிக்கச் சந்தைக்குச் செய்த பெட்டியை நம் 230 வோல்ட்டில் நேராகப் போட்டால் அன்றோடு முடிந்தது.

டிவி விற்கும் கடைக்காரர்களுக்கும் மாட்ட வரும் பையன்களுக்கும் ஒரு வேண்டுகோள். டிவியைச் சுவரோடு ஒட்டி அடித்துவிட்டால் பிறகு பின்னால் கை நுழையாது, எந்த ஓட்டையில் ஏஆர்சி என்று படிக்கவும் முடியாது. ஸ்டாண்டில் மாட்டும் முன்பே ஏஆர்சி ஓட்டையில் ஒரு எச்டிஎம்ஐ வயரையும், ஆப்டிகலில் ஒரு வயரையும் செருகி, முனைகளைக் கீழே தொங்கவிட்டு, எது எதுவென்று டேப்பில் எழுதி ஒட்டிவிடுங்கள்.

இப்படிக்கு,
டிவி, ஆம்ப்ளிஃபையர் மெக்கானிக்குகள்,
காவேரிப்பட்டணம், கிருஷ்ணகிரி மாவட்டம்.