கூகையின் தலைக்குள் கடிகாரம் இல்லை

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழின் ஆந்தைக் கட்டுரையில், ‘கூகையின் மூளைக்குள் நொடியை லட்சம் கூறாக்கும் கடிகாரம் ஒன்று ஓடுகிறது’ என்ற வரியைப் படித்துவிட்டு, மூன்று நாள் பொறுத்துப் பார்த்தும் மனம் ஆறாமல் இதை எழுதுகிறேன்.

அங்கே கடிகாரம் ஏதும் ஓடவில்லை என்பது தாங்கள் அறியாததல்ல. பக்கவாட்டிலிருந்து வரும் ஒலி ஒரு காதை முந்தி எட்டுகிறது; அந்த இடைவெளி நொடியின் பத்தாயிரத்தில் இரண்டொரு பங்கே. மூளை அதை எண்ணிப் பார்ப்பதில்லை, நரம்பிழையின் நீளத்தால் அளக்கிறது. இரு காதுகளின் செய்தியையும் சுமந்து எதிரெதிராக வரும் இழைகள் லாமினாரிஸ் என்னும் நரம்பணுத் தொகுதிக்குள் நுழைய, முந்திய துடிப்பு நெடுவழியாகவும் பிந்திய துடிப்பு குறுவழியாகவும் வந்து எந்த நரம்பணுவில் ஒரே கணத்தில் சேர்கின்றனவோ, அந்த அணுவே மிகுதியாகத் துடிக்கிறது. துடிக்கும் அணு இருக்கும் இடமே திசையைச் சொல்லிவிடுகிறது. 1948இல் உளவியலாளர் ஜெஃப்ரஸ் காகிதத்தில் ஊகித்ததை, நாற்பது ஆண்டுகள் கழித்து நரம்பியல் ஆய்வாளர்களான கேதரின் காரும் மசகாசு கொனிஷியும் கூகையிடம் கண்டுகாட்டினார்கள். கடிகாரம் என்று ஒரு சொல்லில் முடித்தால் இத்தனை அழகும் போயிற்று.

இது முதல் முறையுமன்று. கொம்பன் ஆந்தையின் இறகுக் கொத்துகளைத் தங்கள் இதழ் ‘காதுகள்’ என்றபோது எழுதினேன்; பதிலில்லை. கூகை கும்மிருட்டில் ‘கூர்ந்து பார்த்து’ எலி பிடிப்பதாக வந்தபோது, செவியை மட்டும் நம்பி அது வேட்டையாடுவதை உயிரியலாளர் ரோஜர் பெய்ன் காட்டி அறுபது ஆண்டுகளாகின்றன என்று எழுதினேன், அதற்கும் இல்லை. என் கடிதங்களும் நெடுவழியாகவே வருகின்றன போலும்.

எனக்கு ஏன் இத்தனை கோபம் என்று தாங்கள் கேட்கலாம். எட்டு ஆண்டுகளாக என் இடது காது கேட்பதில்லை. வீட்டில் யாரேனும் அழைத்தால் குரல் தெளிவாகக் கேட்கிறது. எந்த அறையிலிருந்து என்பதுதான் தெரிவதில்லை. ஒவ்வொரு கதவாகத் திறந்து பார்க்கிறேன். ஒலியைக் கேட்பது வேறு, அதன் இடத்தை அறிவது வேறு என்று எனக்கு எவரும் கட்டுரை எழுதிப் புரியவைக்க வேண்டியதில்லை.

கட்டுரையைத் திரும்ப எழுதுங்கள் என்று கேட்கும் துணிவு எனக்கில்லை. படத்தில் மட்டும் கூகையின் இரு காதுத் துளைகளையும் ஒரே மட்டத்தில் வரைந்திருக்கிறீர்கள். நேர வேறுபாடு இடவலத்தைத்தான் சொல்லும். எலி மேலே உள்ளதா கீழே உள்ளதா என்பதை, இடது காது வலதைவிட உயர்ந்திருக்கும் கோணலால் உண்டாகும் ஒலிவலிமை வேறுபாடே சொல்கிறது. அடுத்த இதழில் அந்த இடது காதைச் சற்று உயர்த்தி வெளியிட்டால் போதும்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகன்