செயலாளர் ஆண்டறிக்கை 2025: அட்டைக் கணக்கு

தலைவர், பொருளாளர், உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம்.

2025 ஜனவரி முதல் டிசம்பர் வரை நம் ஹாம் வானொலிச் சங்கம் செய்த வேலைகளை உங்கள் முன் வைக்கிறேன். வழக்கமான விவரங்களை முதலில் சொல்லிவிடுகிறேன். மாதக் கூட்டங்கள் பன்னிரண்டும் நடந்தன. இப்போது நாம் 34 பேர். உரிமத் தேர்வுக்கான வகுப்பில் ஏழு பேர் படித்தார்கள், நான்கு பேர் தேறினார்கள். சிக்னலை வாங்கித் திரும்ப அனுப்பும் ரிப்பீட்டருக்குப் புது பேட்டரி போட்டாயிற்று. அந்தச் செலவு பொருளாளர் அறிக்கையில் வரும்.

மீதி நேரத்தை க்யூ.எஸ்.எல். அட்டைகளுக்கே, அதாவது வானொலியில் பேசியதை உறுதிப்படுத்த ஹாம்கள் ஒருவருக்கொருவர் அனுப்பும் அட்டைகளுக்கே, எடுத்துக்கொள்கிறேன். மார்ச் மாதக் கூட்டத்தில் ஓர் இளம் உறுப்பினர், "எல்லாம் கம்ப்யூட்டரிலேயே உறுதியாகிவிடுகிறதே, இன்னும் எதற்குச் சங்கப் பணத்தை அட்டைக்கும் தபாலுக்கும் கொட்ட வேண்டும்?" என்று கேட்டார். நியாயமான கேள்வி. அன்றைக்கு என் கையில் கணக்கு இல்லாததால் பதில் சொல்லவில்லை. அதன் பிறகு ஒவ்வொரு அட்டையையும் ஒவ்வொரு ரூபாயையும் எழுதி வைத்தேன்.

இந்த ஆண்டு அட்டை வேலை கூடியதற்கு இரண்டு காரணங்கள். ஒன்று சூரியன். சூரியச் சுழற்சி உச்ச கட்டத்தில் இருப்பதாக 2024 அக்டோபரில் விஞ்ஞானிகள் அறிவித்தது நினைவிருக்கும். அப்போது வானொலி அலைகள் வெகுதூரம் எட்டும். அந்தப் பலன் இந்த ஆண்டும் நீடித்தது. 10 மீட்டர் அலைவரிசை பல நாள் பகல் முழுக்கத் திறந்திருந்தது, சிறிய ஆன்டெனா வைத்திருப்பவர்கள்கூட ஐரோப்பாவை எளிதாக எட்டினார்கள். இன்னொன்று எஃப்.டி.8, கம்ப்யூட்டர் வழியே குறுஞ்செய்திகளை வானொலியில் அனுப்பும் முறை. 2017-இல் வந்த இந்த முறையில் 15 விநாடிக்கு ஒரு செய்தி போகிறது, ஒன்றரை நிமிடத்தில் ஒரு தொடர்பு முடிந்துவிடுகிறது. ஒரு மாலையில் ஐம்பது பேரைப் பிடிக்கலாம். ஐம்பது பேரும் அட்டை கேட்டால் என்ன ஆகும் என்பதுதான் நம் பிரச்சினை.

ஆகஸ்ட் 16, 17 தேதிகளில், ஹாம்கள் கலங்கரை விளக்கங்களிலிருந்து பேசும் சர்வதேச கலங்கரை விளக்க வார இறுதிக்காக மணப்பாடு சென்றோம். கலங்கரை விளக்கம் இருக்கும் மணல் குன்றின் அடியில், இரண்டு மூங்கில் கழிகளுக்கு நடுவே 20 மீட்டர் அலைவரிசைக்கான டைபோல் ஆன்டெனாவைக் கட்டினோம். காற்று விடாமல் அடித்தது. முதல் நாள் மதியத்துக்குள் இரண்டு முறை கழி சாய்ந்தது. அப்படியும் இரண்டு நாளில் 412 தொடர்புகள். கலங்கரை விளக்கம் என்றதும் சேகரிப்பவர்கள் தேடி வருவார்கள். 118 பேர் காகித அட்டையே வேண்டும் என்றார்கள்.

சரி, அச்சுக்கு வருகிறேன். சிவகாசியில் ஆயிரத்துக்குக் குறைந்து அடிப்பது கட்டாது என்றார்கள். 140க்கு 90 மில்லிமீட்டர், 300 ஜி.எஸ்.எம். ஆர்ட் போர்டு, முன்பக்கம் மணப்பாடு கலங்கரை விளக்கத்தின் வண்ணப் படம், பின்பக்கம் கட்டங்கள். செப்டம்பர் முதல் வாரம் கைக்கு வந்தன. ஆயிரம் அட்டைக்கு 3,600 ரூபாய். உறுப்பினர்கள் தங்கள் அழைப்புக் குறியை (உரிமத்தோடு தரப்படும் அடையாளக் குறி) ஒட்டிக்கொள்ளப் பின்பக்கத்தில் இடம் விட்டிருக்கிறோம். தனித்தனியாக அடித்தால் ஆளுக்கு இதே தொகை ஆகியிருக்கும்.

அட்டை எழுதும்போது ஒரு தவறு நடந்தது. திரும்ப நடக்கக் கூடாது என்பதால் விவரமாகவே சொல்கிறேன். 17ஆம் தேதி அதிகாலை இரண்டு மணிக்கும் ஐந்து மணிக்கும் நடுவே செய்த பதினோரு தொடர்புகளுக்கு 17 என்றே தேதி போட்டுவிட்டார்கள். நேரத்தை மட்டும் யு.டி.சி.க்கு, அதாவது ஹாம்கள் அட்டையில் எழுதும் உலகப் பொது நேரத்துக்கு, மாற்றியிருந்தார்கள். நம் நேரம் யு.டி.சி.யைவிட ஐந்தரை மணி நேரம் முன்னால் போகிறது, ஆகவே காலை 5.30 ஆகும் வரை யு.டி.சி.யில் முந்தைய நாள்தான். அதிகாலை மூன்று மணி என்றால் 16ஆம் தேதி 21.30. அடித்துத் திருத்தவும் வழியில்லை. திருத்தல் உள்ள அட்டையை, நூறு நாடுகளோடு பேசியவர்களுக்குத் தரும் டி.எக்ஸ்.சி.சி. விருதுக்கு ஏற்க மாட்டார்கள். பதினோரு அட்டையையும் ஒதுக்கிவிட்டுப் புதிதாக எழுதினோம்.

எழுதி முடித்து உறையில் போட்டால், அமெரிக்காவுக்கு அனுப்ப முடியவில்லை. அந்நாட்டின் புதிய சுங்க விதிகளால் ஆகஸ்ட் 25 முதல் அங்கு செல்லும் அஞ்சல் படிப்படியாக நிறுத்தப்பட்டு, மாதக் கடைசியில் கடிதங்கள் உட்பட எல்லாமே நின்றுபோனது. நம் ஒன்பது உறைகள் அலமாரியில் கிடந்தன. அக்டோபர் 15-இல் சேவை திரும்பத் தொடங்கிய பிறகு அனுப்பினோம். காத்திருந்த நண்பர்களுக்கு மின்னஞ்சலில் காரணம் சொன்னோம். ஒருவரும் கோபித்துக்கொள்ளவில்லை.

ஆண்டு முழுவதுமான கணக்கு இது. நேரடித் தபாலில் 62 அட்டைகள் அனுப்பினோம், செலவு 2,870 ரூபாய். இந்திய அமெச்சூர் ரேடியோ சங்கமான ஏ.ஆர்.எஸ்.ஐ.யின் பீரோ (அட்டைகளைச் சேர்த்து மொத்தமாக அனுப்பும் பிரிவு) வழியாக 640 அட்டைகள், ஒரே பார்சல். ஓர் அட்டை நான்கு கிராம்கூட இல்லை, ஆனாலும் 640 சேர்ந்தால் இரண்டரைக் கிலோ. பதிவுத் தபால் விரைவுத் தபாலோடு இணைந்துவிட்டதால் அதிலேயே போட்டோம், 480 ரூபாய். உறை, ஒட்டுவில்லை, மை வகைக்கு 610. அச்சையும் சேர்த்து மொத்தம் 7,560 ரூபாய். அட்டை நிதியாக ஆளுக்கு நூறு ரூபாய் கொடுத்தீர்கள், அது 3,400. ஓர் உறுப்பினர் தனியாக 1,500 தந்தார். குறைந்த 2,660 ரூபாயைப் பொது நிதியிலிருந்து எடுத்திருக்கிறோம். கையிருப்பு 287 அட்டைகள்.

கணக்கைப் பார்த்தாலே விஷயம் புரியும். 62 உறைக்கு ஆன செலவில் ஆறில் ஒரு பங்கில் 640 அட்டைகள் பீரோவுக்குப் போய்விட்டன. பீரோவில் போனால் இரண்டு மூன்று வருடம் ஆகும் என்பதுதான் குறை. தன்னார்வலர்கள் நாடு நாடாகப் பிரித்து, மொத்தமாகச் சேர்ந்த பிறகு அனுப்புகிறார்கள், அதனால் தாமதத்தைக் குறை சொல்லக் கூடாது. இந்த ஆண்டு நமக்கு வந்த ஜப்பான் அட்டைகளில் பாதி 2022, 2023-இல் பேசியதற்கானவை.

நேரடியாக அட்டை கேட்பவர்களில் சிலர் உறைக்குள் டாலர் நோட்டு வைத்து அனுப்புகிறார்கள். "கிரீன் ஸ்டாம்ப்" என்று உலகெங்கும் ஹாம்கள் சொல்வது இதைத்தான். நம் பக்கத்திலிருந்து யாரும் அப்படி நோட்டை வைத்து அனுப்ப வேண்டாம். விதிக்கும் ஒவ்வாது, பாதுகாப்பும் இல்லை. ஓர் உறுப்பினர் அனுப்பிய உறை வழியில் எங்கோ பிரிக்கப்பட்டு, வெறும் அட்டை மட்டும் போய்ச் சேர்ந்தது. உறையின் மேல் அழைப்புக் குறியையும் எழுதாதீர்கள். அதைப் பார்த்தே உள்ளே பணம் இருக்கும் என்று தெரிந்துகொள்கிறவர்கள் உண்டு.

இனி மார்ச் மாதக் கேள்விக்கு என் பதில். பெரும்பாலான தொடர்புகளுக்குக் காகிதம் தேவையில்லை. தொடர்புகளை இணையத்திலேயே உறுதிப்படுத்தும் லாக்புக் ஆஃப் தி வேர்ல்ட் 2003 முதல் இருக்கிறது, அதில் பதிவேற்றக் கட்டணம் கிடையாது. விருதுக்கு அது போதும். நம்மில் 19 பேரிடம் அதற்கான சான்றிதழ் இருக்கிறது. மற்ற 15 பேரும் உரிம நகலையும் இன்னோர் அடையாளச் சான்றையும் எடுத்து வந்தால் நானே உட்கார்ந்து செய்து தருகிறேன். எஃப்.டி.8 தொடர்புகளுக்கு, கேட்டால் ஒழிய அட்டை அனுப்ப வேண்டாம் என்றும் முன்மொழிகிறேன். அப்புறம், இணையத்தை மட்டும் நம்பிவிடவும் கூடாது. 2024 மே மாதம் ஓர் இணையத் தாக்குதலால் அந்த லாக்புக் ஒன்றரை மாதம் இயங்காமல் நின்றதை மறக்க வேண்டாம்.

ஆனால் அட்டை கேட்டு எழுதும் ஒருவருக்கு இல்லை என்று சொல்லும் நிலை நம் சங்கத்துக்கு வரக் கூடாது. இதை நான் அழுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு.

ஜூன் மாதம் நம் மூத்த உறுப்பினர் ஒருவர் சைலண்ட் கீ ஆனார், அதாவது காலமானார். அவருடைய மனைவி ஒரு ட்ரங்குப் பெட்டியைச் சங்கத்திடம் ஒப்படைத்தார். நாலு பேர் இரண்டு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து பிரித்தோம். உள்ளே நாற்பது வருட அட்டைகள், நாடு வாரியாகக் கட்டி, ஒவ்வொரு கட்டிலும் வேப்பிலை காய்ந்து கிடந்தது. 'பெட்டி 88, மாஸ்கோ' என்ற முகவரி போட்ட சோவியத் அட்டைகள் மட்டும் ஒரு சாண் உயரம். யூகோஸ்லாவியா, செக்கோஸ்லோவாக்கியா, கிழக்கு ஜெர்மனி என்று இன்றைக்கு வரைபடத்தில் இல்லாத நாடுகளின் அட்டைகளும் இருந்தன. 2004 டிசம்பர் தேதியிட்ட அந்தமான் அட்டை ஒன்று தனி உறையில் இருந்தது. பாரதி பிரசாத் தலைமையிலான குழு போர்ட் பிளேரிலிருந்து வி.யு.4 ஆர்.பி.ஐ. என்ற குறியில் பேசிக்கொண்டிருந்த மாதம் அது. 26ஆம் தேதி சுனாமி வந்தபோது அதே குழுதான் தீவிலிருந்து செய்திகளை வெளியே கடத்தியது.

பெட்டியின் அடியில் ஒரு நீள நோட்டு. ஒவ்வொரு வரியிலும் அழைப்புக் குறி, 'அ' என்றால் அனுப்பியது, 'வ' என்றால் வந்தது, பக்கத்தில் தபால் செலவு பைசா வரை. 'வ' இல்லாத வரிகள் உண்டு. 'அ' இல்லாத வரி ஒன்றுகூட இல்லை. அரசுப் பள்ளி ஆசிரியராக இருந்து, மூன்று பிள்ளைகளைப் படிக்க வைத்தபடி இதைச் செய்திருக்கிறார்.

அந்த அட்டைகளை ஸ்கேன் செய்யும் வேலை பாதி முடிந்திருக்கிறது. வியன்னாவில் ஹாம் அட்டைகளைச் சேகரித்துப் பாதுகாக்கும் ஆவணக் காப்பகம் ஒன்று உள்ளது. குடும்பத்தார் சம்மதித்தால் சோவியத் அட்டைகளை அங்கே அனுப்பலாம். அதற்கான செலவைப் பற்றி அடுத்த கூட்டத்தில் பேசுவோம்.

வரும் ஆண்டுக்கு அட்டை நிதியை 150 ரூபாயாக உயர்த்த உங்கள் அனுமதியைக் கேட்கிறேன். மாணவ உறுப்பினர்களுக்குப் பழைய நூறே இருக்கட்டும்.

பீரோவிலிருந்து கடைசியாக வந்த கட்டைப் பிரித்து, அழைப்புக் குறி வாரியாக வாசல் மேசையில் வைத்திருக்கிறேன். கிளம்பும் முன் அவரவர் கட்டை எடுத்துக்கொள்ளுங்கள். பதில் போடாத அட்டைகளில் பென்சிலால் புள்ளி வைத்திருக்கிறேன்.

73 (நல்வாழ்த்துகள்).

இங்ஙனம்,
செயலாளர்