கண்மாய்களில் தூண்டில் போட ஒரு வரைபடம் கேட்டு மனு

அனுப்புநர்
தூண்டில் சாமான் கடைக்காரர் ஒருவர்,
மதுரை.

பெறுநர்
மாவட்ட ஆட்சியர் அவர்கள்,
மாவட்ட ஆட்சியர் அலுவலகம்,
மதுரை.

பொருள்: மதுரை மாவட்டத்தில் வெளியாட்கள் அதிகம் அறியாத கண்மாய்களில் தூண்டில் போடலாமா, கூடாதா, எங்கே ஆபத்து என்று காட்டும் வரைபடமும் சிறு கையேடும் தமிழில் வெளியிடக் கோருதல் தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஆட்சியர் அவர்களுக்கு வணக்கம்.

மதுரையில் பதினான்கு வருடமாகத் தூண்டில் சாமான் கடை வைத்திருக்கிறேன். முள், தங்கூசி நரம்பு, தக்கை, ஈயக்குண்டு, நாலைந்து வகை ரீல், விராலுக்கு ரப்பர் தவளை, இவ்வளவுதான் கடை. சாமான் வாங்குகிறவர்கள் காசு கொடுத்த கையோடு கேட்பது ஒரே கேள்விதான்: "அண்ணே, எந்தக் கண்மாய்க்குப் போகலாம்?" நானும் பில்லின் பின்பக்கத்தில் கோடு இழுத்து, இங்கே ஆலமரம், இங்கே அய்யனார் கோயில், இது உபரித் தண்ணீர் வழியும் கலிங்கு, இந்தப் பக்கம் உட்காருங்கள் என்று குறித்துக் கொடுப்பேன். போன ஐப்பசியோடு அதை நிறுத்திவிட்டேன்.

அந்த மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, என் அக்கா மகனைக் கூட்டிக்கொண்டு மேலூர்ப் பக்கம் போனேன். வண்டியூர், மாடக்குளம், நிலையூர் என்று எல்லோருக்கும் தெரிந்த கண்மாய்களை விட்டுவிட்டுப் புதிதாக ஒன்றைப் பார்க்கலாம் என்று ஆசை. செல்போன் வரைபடத்தில் உள்ளங்கை அகலத்துக்கு நீலமாக ஒரு கண்மாய் தெரிந்தது. போய்ப் பார்த்தால் கரையிலிருந்து கரை வரை சீமைக்கருவேலம். வரத்துக்கால் தூர்ந்து எத்தனை வருடமோ! உள்ளே ஆடு மேய்ந்துகொண்டிருந்தது.

இரண்டு கிலோமீட்டர் தள்ளி இன்னொரு கண்மாயில் தண்ணீர் தளும்பியது. மைதாவைப் பிசைந்து முள்ளில் கோத்துப் போட்டோம். அரை மணி நேரத்தில் இரண்டு ஜிலேபி மீன். மூன்றாவது முறை தக்கை அமுங்கும்போது பின்னால் ஒரு டிவிஎஸ் வண்டி வந்து நின்றது. "யாரைக் கேட்டுத் தூண்டில் போட்டீங்க?" வந்தவர் அந்தக் கண்மாயை மீன்பாசிக் குத்தகைக்கு, அதாவது மீன் வளர்த்துப் பிடிக்கும் உரிமைக்கு, எடுத்தவர். கட்லாவும் ரோகுவும் காசு கொடுத்து வாங்கி விட்டிருக்கிறார். அவர் கோபத்தில் ஒரு தப்பும் இல்லை. மீனைத் திருப்பிக் கொடுத்து மன்னிப்புக் கேட்டேன். ஒரு போர்டு வைக்கக்கூடாதா என்றதற்கு, "வச்சேண்ணே, தகரத்தை எடைக்குப் போட்டுட்டாங்க" என்றார். அப்புறம் கோபம் தணிந்து, தூரத்தில் தெரிந்த ஒரு சின்னக் கண்மாயைக் கையைக் காட்டி, அது ஏலம் போகவில்லை, அங்கே போங்கள் என்றார்.

போனோம். தண்ணீர் முழங்கால் அளவுதான் என்று தோன்றியது. பையனுடைய முள் தாமரைத் தண்டில் மாட்டிக்கொள்ள, எடுக்கிறேன் என்று இறங்கினான். இரண்டு எட்டு நன்றாகத்தான் வைத்தான். மூன்றாவது எட்டில் ஆளைக் காணோம். தலை மேலே வந்தது, மறுபடி போனது. துண்டை வீசினேன், எட்டவில்லை. கையில் இருந்த தூண்டில் கம்பை நீட்டினேன். நல்லவேளை, பிடித்துக்கொண்டான். கம்பு முறியவில்லை என்பதை இன்றுவரை நம்ப முடியவில்லை. கரையில் உட்கார்ந்து அவன் வாந்தியெடுத்துக்கொண்டிருந்தபோது ஆட்டுக்காரர் ஒருவர் வந்தார். "அது மண்ணு அள்ளுன குழிப்பா, ரெண்டாள் ஆழம். எங்க ஊருப் பிள்ளைக யாரும் அந்தப் பக்கம் இறங்காது."

ஊர்ப் பிள்ளைகளுக்குத் தெரிந்தது எனக்கும் அவனுக்கும் தெரியவில்லை. அதே கண்மாய்க்குப் போன வருடம் நானே இரண்டு பேருக்கு வழி எழுதிக் கொடுத்திருந்தேன் என்பது வீட்டுக்கு வந்த பிறகு நினைவுக்கு வந்தது. கரை வரை போகிற வழிதான் அது. தண்ணீருக்கடியில் என்ன இருக்கிறது என்று அதில் ஒரு சொல் கிடையாது.

சரி, முறையாகவே கேட்டுத் தெரிந்துகொள்ளலாம் என்று அலைந்தேன். ஒரு கண்மாயின் ஆயக்கட்டு, அதாவது அதில் பாசனம் பெறும் நிலம், 40 ஹெக்டேருக்கு மேல் என்றால் அது நீர்வளத் துறைக் கண்மாய், அதற்குக் கீழே என்றால் ஊராட்சி ஒன்றியக் கண்மாய் என்பதே அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. மீன்பாசிக் குத்தகை எந்த அலுவலகத்தில் போகிறது என்பதும் கண்மாய்க்குக் கண்மாய் மாறுகிறது. ஒரு அலுவலகத்தில் இன்னொரு அலுவலகத்தைச் சொன்னார்கள், அங்கே மூன்றாவதைச் சொன்னார்கள். யாரும் மரியாதைக் குறைவாகப் பேசவில்லை. ஆனால் ஒரு கண்மாயின் பெயரைச் சொன்னால் அதில் தூண்டில் போடலாமா கூடாதா என்று ஒரே இடத்தில் பதில் சொல்ல ஆளில்லை.

இத்தனைக்கும் தகவல் இல்லாமல் இல்லை. மத்திய ஜல்சக்தி அமைச்சகம் 2023-இல் வெளியிட்ட முதல் நீர்நிலைக் கணக்கெடுப்பில் நாடு முழுக்க 24 லட்சத்துக்கும் மேற்பட்ட நீர்நிலைகளை இருக்கும் இடத்தோடும் புகைப்படத்தோடும் பதிந்திருக்கிறார்கள். இந்திய நில அளவைத் துறையின் 1:50,000 வரைபடத் தாள்களை 2017 முதல் இணையத்தில் இலவசமாகவே எடுத்துக்கொள்ளலாம். கண்மாயின் எல்லை வருவாய்த் துறையிடம் கிராம வரைபடத்தில் இருக்கிறது. குத்தகை விவரம் ஏலக் கோப்பில் இருக்கிறது. குழி எங்கே என்பது ஆட்டுக்காரரிடம் இருக்கிறது. இவற்றை ஒரே தாளில் சேர்க்க மாவட்ட நிர்வாகத்தால்தான் முடியும். என் போன்ற கடைக்காரனால் ஆகாது.

நான் கேட்கும் வரைபடத்தில் ஒவ்வொரு கண்மாய்க்கும் ஊர் சொல்கிற பெயர் முதலில் இருக்க வேண்டும். பதிவேட்டில் ஒரு பெயரும் ஊர் வாயில் வேறு பெயருமாக இருப்பது இங்கே சாதாரணம், அதனாலேயே பாதிப் பேர் வழி தவறுகிறார்கள். குத்தகையில் இருக்கிறதா, எந்த ஆண்டு வரை, தூண்டிலுக்குக் குத்தகைதாரர் சம்மதிக்கிறாரா, நாள் கட்டணம் உண்டா என்பது அடுத்து. நீலகிரியில் டிரவுட் மீனுக்கு ஆங்கிலேயர் காலத்திலேயே தூண்டில் உரிமம் கொடுத்திருக்கிறார்கள். நம் கெண்டைக்கும் கெளுத்திக்கும் அப்படி ஒரு சீட்டு இருந்தால் வாங்கிக்கொண்டு போக எங்களுக்குத் தயக்கமில்லை. மடை, கலிங்கு, மண் அள்ளிய குழி, சேறு உள்வாங்கும் இடம் ஆகியவற்றைச் சிவப்பில் காட்ட வேண்டும். வண்டல் எடுக்க அனுமதி கொடுக்கும்போதே எந்தக் கண்மாய் என்பது கோப்பில் ஏறிவிடுவதால், குழிகளைத் தேடும் வேலையை அங்கிருந்து தொடங்கலாம்.

மாதக் கணக்கும் வேண்டும். வைகை அணையிலிருந்து பெரியாறு பிரதானக் கால்வாயில் தண்ணீர் விட்டால் நிறைகிற கண்மாய் வேறு, மழையை மட்டும் நம்பிய மானாவாரிக் கண்மாய் வேறு. முன்னதில் ஜிலேபியும் கெண்டையும் தாராளம். பின்னதில் புது வெள்ளத்தோடு அயிரையும் குறவையும் ஏறி வரும். சித்திரை, வைகாசியில் தண்ணீர் வற்றி ஊரார் மீன்பிடித் திருவிழா நடத்துகிற கண்மாய்கள் பல உண்டு. ஊத்தாக் கூடையும் கச்சா வலையுமாக ஊரே இறங்கும் நாளுக்காக அவர்கள் வருடம் பூராவும் காத்திருக்கிறார்கள். அதற்கு முந்தின வாரம் நாங்கள் போய்த் தூண்டில் போட்டால் பார்த்துக்கொண்டு சும்மா இருப்பார்களா?

விராலைப் பற்றித் தனியாக ஒரு பக்கம் வேண்டும். மழைக்காலத்தில் தண்ணீர் மேலே செக்கச்செவேலென்று குஞ்சுகள் திரளாக மிதக்கும். அடியில் தாயும் தகப்பனும் காவல் நிற்கும். அந்த நேரத்தில் ரப்பர் தவளையை அந்தத் திரளின் மேல் இழுத்தால் காவல் விரால் ஆத்திரத்தில் பாய்ந்து கவ்வும். பிடிப்பது மிகச் சுலபம், அதனால்தான் பிடிக்கிறார்கள். பெரிய விரால் போனதும் குஞ்சுகளைக் கெளுத்தியும் கொக்கும் ஒரே நாளில் தீர்த்துவிடும். ரப்பர் தவளை விற்கிறவன் நான்தான். வாங்குகிறவர்களிடம் சொல்லியும் பார்க்கிறேன். கடைக்காரன் சொன்னால் யார் கேட்கிறார்கள்? அரசு முத்திரையோடு அச்சில் இருந்தால் கொஞ்சமாவது கேட்பார்கள்.

இடத்தை ஊரறியச் சொன்னால் கூட்டம் வந்து கண்மாயைக் கெடுத்துவிடாதா என்று தாங்கள் கேட்கலாம். எனக்கும் அந்தப் பயம் உண்டு. கரையில் கிடக்கும் தங்கூசி கொக்கின் காலைச் சுற்றி இறுக்கியிருந்ததை நானே கத்தி வைத்து அறுத்துவிட்டிருக்கிறேன். ஆனால் மறைத்து வைப்பதாலும் கூட்டம் குறையவில்லை. ஒருவர் எடுக்கும் வீடியோவைப் பார்த்து அடுத்த ஞாயிறு இருபது பைக் வருகிறது. அந்த வீடியோவில் குத்தகையும் இல்லை, குழியும் இல்லை. ஆகவே போகக்கூடாத கண்மாய்களும் வரைபடத்தில் பெயரோடு இருக்க வேண்டும். 2022 நவம்பரில் பல்லுயிர் மரபுத் தலமாக அறிவிக்கப்பட்ட அரிட்டாபட்டி, பறவைகள் வந்து தங்கும் சாமநத்தம் போன்ற இடங்களில் தூண்டிலே கூடாது என்று போட்டுவிட்டால் நாங்கள் அதைச் சந்தோஷமாக ஏற்றுக்கொள்வோம். பக்கத்து மாவட்டத்து வேட்டங்குடிப் பறவைகள் சரணாலயத்தைச் சுற்றி, பறவைகளுக்காகத் தீபாவளிக்கு வெடியே வைக்காத ஊர்கள் இருக்கின்றன. எங்களால் தூண்டிலை வீட்டில் வைத்துவிட்டு வர முடியாதா? வெளியாட்களே வேண்டாம் என்று ஒரு ஊர் கிராமசபையில் முடிவெடுத்தால் அந்தக் கண்மாயும் அந்தப் பட்டியலில் சேரட்டும்.

வரைபடம் வந்தால் என் கடையில் வியாபாரம் கூடும். அதை மறைத்து மனுக் கொடுக்க எனக்கு மனமில்லை.

மாவட்டம் முழுவதற்கும் ஒரே நேரத்தில் செய்வது சிரமம் என்றால், முதலில் மேலூர் வட்டத்துக்கு மட்டும், வரும் வடகிழக்குப் பருவமழைக்கு முன் வெளியிட ஆவன செய்யுமாறு கேட்டுக்கொள்கிறேன். மீன்வளத் துறை, நீர்வளத் துறை, ஊராட்சி ஒன்றியங்கள், வருவாய்த் துறை ஆகிய நான்கையும் ஒருநாள் ஒன்றாக உட்காரவைத்தால் பாதி வேலை முடிந்துவிடும். அன்று ஊருக்கு ஒரு ஆட்டுக்காரரையும் அழைக்க வேண்டுகிறேன். அச்சிட்ட தாள் வட்டாட்சியர் அலுவலகத்திலும் ஊராட்சி அலுவலகங்களிலும் கிடைத்தால் போதும். என் கடைக்கும் கொடுத்தால், சாமான் வாங்குகிற ஒவ்வொருவருக்கும் இலவசமாகக் கொடுக்கிறேன்.

இத்துடன் நான் இதுவரை கையால் வரைந்து வைத்திருக்கும் இருபத்து மூன்று கண்மாய்களின் படங்களை இணைத்திருக்கிறேன். பென்சிலில் வட்டமிட்டவை குழி என்று உள்ளூரார் சொன்ன இடங்கள். பதினொன்றில்தான் விசாரிக்க முடிந்தது. மீதிப் பன்னிரண்டில் வட்டம் இல்லை என்பதால் அங்கே குழி இல்லை என்று தயவுசெய்து எடுத்துக்கொள்ள வேண்டாம்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
(கையொப்பம்)

இடம்: மதுரை
நாள்: திங்கட்கிழமை, மக்கள் குறைதீர்க்கும் நாளில் நேரில் அளித்தது
இணைப்பு: கையால் வரைந்த கண்மாய்ப் படங்கள் – 23