சிங்கம் இருக்கும் காட்டில் நடந்த கதை: பெரியப்பாவுக்கு ஒரு கடிதம்

அன்புள்ள பெரியப்பாவுக்கு,

வணக்கம். நான் ஊர் திரும்பி மூன்று வாரம் ஆகிறது. தொலைபேசியில் நீங்கள் கேட்ட ஒரே கேள்விக்கு அன்றைக்கு என்னால் ஒழுங்காகப் பதில் சொல்ல முடியவில்லை. "புலி இருக்கிற காட்டில் சுற்றுலா வந்தவனை வண்டியை விட்டுக் கீழே இறங்கவே விடமாட்டோம். சிங்கம் இருக்கிற காட்டில் உன்னை எப்படி நடக்க விட்டார்கள்?" என்று கேட்டீர்கள். அதற்குப் பிறகு நாலைந்து பேர் இதையே கேட்டுவிட்டதால், உங்களுக்கு எழுத வேண்டியதை எல்லோரும் படிக்கும்படி இங்கேயே எழுதிவிடுகிறேன். முதுமலையில் முப்பது ஆண்டு வனக்காப்பாளராக இருந்தவரிடம் காட்டைப் பற்றிப் பேசுவது கொல்லன் தெருவில் ஊசி விற்கிற வேலைதான். பிழை இருந்தால் திருத்துங்கள்.

நான் போனது ஜாம்பியாவின் கிழக்குப் பகுதியில் உள்ள தெற்கு லுவாங்வா தேசியப் பூங்காவுக்கு. 9,050 சதுர கிலோமீட்டர் பரப்புள்ள அந்தக் காடு 1938-இல் காப்பகமாக இருந்து, 1972-இல் தேசியப் பூங்காவாயிற்று. சாம்பேசியில் போய்க் கலக்கும் லுவாங்வா ஆறு மழைக்காலந்தோறும் கரையை அரித்துப் போக்கை மாற்றிக்கொள்வதால், பழைய ஆற்றுத்தடங்கள் வளைந்து வளைந்து குட்டைகளாகக் கிடக்கின்றன. நாங்கள் போன செப்டம்பரில் மழை நின்று ஐந்து மாதம் ஆகியிருந்தது; தண்ணீர் ஆற்றிலும் அந்தக் குட்டைகளிலும் மட்டுமே இருந்ததால், யானை முதல் பஞ்சுருட்டான் பறவை வரை எல்லா உயிர்களும் ஆற்றை ஒட்டியே வந்து சேர்ந்திருந்தன.

அங்கே காட்டுக்குள் நடத்திக்கொண்டு போகும் வழக்கத்தைத் தொடங்கியவர் உங்களைப் போலவே வனத்துறையில் இருந்தவர்தான் என்பது உங்களுக்குப் பிடிக்கும். நார்மன் கார் என்ற அந்த ஆங்கிலேய அதிகாரி, பயிரை அழிக்கும் யானைகளைச் சுடுவதை வேலையாகச் செய்துகொண்டிருந்தவர். 1950-இல் அவர் ன்செஃபு என்ற அந்தப் பகுதிப் பழங்குடித் தலைவரிடம் பேசி, துப்பாக்கி இல்லாமல் கேமராவோடு வருகிறவர்களுக்கு ஆற்றங்கரையில் ஒரு முகாம் போடலாம், வருகிற பணம் உங்கள் மக்களுக்கே சேரட்டும் என்று சம்மதிக்க வைத்தார். யானையைச் சுட்டால்தான் காசு என்றிருந்த காலத்தில் இதற்குத் தலையாட்டிய அந்தத் தலைவரைத்தான் நான் பெரிதாக நினைக்கிறேன். புத்தகங்களில் பெயர் என்னவோ வெள்ளைக்காரருக்குத்தான் முன்னால் வருகிறது.

இனி உங்கள் கேள்விக்கு வருகிறேன். விடியற்காலை ஆறு மணிக்கு, வெயில் ஏறுவதற்கு முன்பே கிளம்பிவிட வேண்டும். முதலில் தேசியப் பூங்காத் துறையின் காவலர் ரைபிளோடு நடப்பார், அவருக்குப் பின்னால் வழிகாட்டி, பிறகு நாங்கள் ஆறு பேர், கடைசியில் தேநீர்க் கூடையைச் சுமந்து வருகிற பையன். ஒருவர் பின் ஒருவராகத்தான் நடக்க வேண்டும். பேச்சு கிடையாது, எதையாவது காட்ட வேண்டுமென்றால் நாக்கால் மெல்லச் சொடுக்க வேண்டும். வழிகாட்டி கிளம்புமுன் சொன்ன விதிகளில் அவர் இரண்டு தடவை சொன்னது ஒன்றுதான்: எது வந்தாலும் ஓடக் கூடாது. சிறுவயதில் தெப்பக்காட்டில், யானை வந்தால் ஓடிவிடு என்று நீங்கள் எங்களுக்குச் சொன்னதற்கு இது நேர் எதிர் என்று நினைத்துக்கொண்டேன்.

காவலரின் இடுப்பில் ஒரு சின்னத் துணிமுடிச்சு தொங்கியது. ஐந்து நிமிடத்துக்கு ஒரு முறை அதைத் தட்டுவார். உள்ளிருந்து சாம்பல் புகைபோலக் கிளம்பிக் காற்றோடு போகும். அது எங்கள் முகத்தை நோக்கி வந்தால் நடை தொடரும். முன்னால் போனால், எங்கள் வாடை விலங்குகளுக்கு எட்டிவிடும் என்று உடனே திசை மாறிவிடும். நீங்கள் பீடிப் புகையை வைத்துச் செய்த காரியத்தை அவர் சாம்பலை வைத்துச் செய்கிறார், அவ்வளவுதான் வித்தியாசம்.

இரண்டாம் நாள் ஒரு புதரை நெருங்கும்போது அதற்குள்ளிருந்து நாலைந்து பறவைகள் சரசரவென்று கத்திக்கொண்டு எழுந்தன. எருமை முதுகிலும் ஒட்டகச்சிவிங்கி கழுத்திலும் உட்கார்ந்து உண்ணி பொறுக்கும் பறவைகள் அவை. காவலரின் கை மேலே போயிற்று. நாங்கள் நின்றோம். பிறகு வந்த காலடியிலேயே பின்வாங்கி, வறண்ட குட்டை ஒன்றை அரைவட்டமாகச் சுற்றிக்கொண்டு போனோம். அந்தப் புதருக்குள் மந்தையை விட்டுப் பிரிந்த கிழட்டு எருமைக் கடா படுத்திருக்கும் என்று பிறகு சொன்னார்கள்; மூன்று மணி நேர நடையில் சிங்கத்தைவிட அவர்கள் அஞ்சுவது அதைத்தான். கடைசிவரை அதை நாங்கள் பார்க்கவில்லை. கூட வந்த ஒருவருக்கு அதில் பெரிய வருத்தம். எனக்கோ உங்கள் கேள்விக்குப் பதில் அங்கேதான் கிடைத்தது. ரைபிளை நம்பி அவர்கள் ஆளை அழைத்துப் போவதில்லை. ஆபத்தானது எதையும் கிட்டத்தில் சந்திக்காமல் கொண்டுபோய்க் கொண்டுவருவதுதான் அங்கே வேலை. நீர்யானைக்கும் தண்ணீருக்கும் நடுவில் ஒருபோதும் போக மாட்டார்கள். இரவெல்லாம் புல் மேய்ந்துவிட்டு ஆற்றுக்குத் திரும்பும் அதன் தடத்தை விடியற்காலையில் குறுக்கே கடப்பதற்கே தயங்குவார்கள்.

இன்னொரு காரணமும் உண்டு, அதை நீங்கள்தான் உடனே புரிந்துகொள்வீர்கள். செப்டம்பரில் அந்த ஆற்றங்கரைக் காட்டில் புல்லே இல்லை. கருங்காலி மரங்களுக்கு அடியில் மண் பெருக்கிவிட்டதுபோல் கிடக்கிறது. நூறு மீட்டர் தூரத்தில் நிற்கிற மான் தெளிவாகத் தெரிகிறது. பகலில் கூட்டமாக நடந்து வருகிற மனிதர்களைத் தூரத்திலேயே கண்டால் சிங்கம் பெரும்பாலும் எழுந்து விலகிவிடுகிறது. பத்தடிக்கு அப்பால் என்ன படுத்திருக்கிறது என்று தெரியாத நம் உண்ணிச்செடிப் புதர்களில் இதைச் செய்ய முடியுமா? அங்கேயும் நவம்பரில் மழை தொடங்கிப் புல் ஆளுயரத்துக்கு வளர்ந்துவிட்டால் நடை பெரும்பாலும் நின்றுவிடுகிறது. பல முகாம்களை அப்படியே பிரித்து எடுத்துவிடுகிறார்கள்.

நடப்பதில் சிரமம் என்று ஒன்றைச் சொல்ல வேண்டுமென்றால் அது தரைதான். அங்கே இருப்பதும் கரிசல் மண். மழையில் யானையும் நீர்யானையும் மிதித்த குழிகள் அப்படியே காய்ந்து கல்லாகிவிடுகின்றன. பார்த்து வைக்காவிட்டால் கணுக்கால் போய்விடும். யானையின் முன்னங்கால் சுற்றளவை இரண்டால் பெருக்கினால் தோள் உயரம் என்று நீங்கள் சொல்லிக் கொடுத்ததை, ஒரு குழியில் என் துப்பட்டாவைச் சுற்றி அளந்து காட்டினேன். காவலர் அப்போதுதான் என்னை முதன்முறையாகத் திரும்பிப் பார்த்துச் சிரித்தார்.

அவரோடு பேச்சு தொடங்கியது அதற்குப் பிறகுதான். தேநீருக்கு நின்ற இடம் ஒரு கறையான் புற்று, என்னைவிட இரண்டு மடங்கு உயரம், அதன் மேல் ஒரு மரம். நிமிர்ந்து பார்த்தால் புளியமரம்! நம் ஊர்ச் சாலையோரத்துக்கே உரியது என்று நான் நினைத்திருந்த புளிக்குச் சொந்த மண் ஆப்பிரிக்காதானாம். லுவாங்வாவில் அது புற்றுகளின் மேல்தான் அதிகம் வளர்கிறது. கீழே கிடந்த ஒரு பழத்தை உடைத்து வாயில் போட்டேன். நம் புளியேதான், கொஞ்சம் கூடுதல் புளிப்பு. யானைகளும் பபூன் குரங்குகளும் அதை விரும்பித் தின்னுமாம். உரித்துக் கொட்டை நீக்கிப் பானையில் உப்புப் போட்டு அடைக்கிற நம் வழக்கத்தைச் சொன்னபோது, அவ்வளவு பழத்தைக் குரங்கு விட்டு வைக்கிறதா என்று கேட்டார்.

அன்றைக்குத்தான் ஒரு யானைக் குடும்பம் ஆற்றைக் கடப்பதை எதிர்க்கரையிலிருந்து அரைமணி நேரம் பார்த்தோம். அந்தக் காட்டில் பெண் யானைக்கும் தந்தம் உண்டு. ஆனால் அந்தக் கூட்டத்தில் முன்னால் வந்த தாய் யானைக்கும், அதன் பின்னால் வந்த இன்னொன்றுக்கும் தந்தமே இல்லை. நாம் மக்னா என்று தந்தமில்லாத ஆண் யானையைத்தானே சொல்வோம்? இங்கே பெண்களில் மக்னா. காரணம் கேட்டால் வயிறு கலங்குகிறது. 1970-களிலும் 80-களிலும் தந்தத்துக்காக அந்தப் பள்ளத்தாக்கில் யானைகளைக் கொன்று குவித்தார்கள். தந்தமில்லாமல் பிறந்தவற்றைக் கொல்ல யாருக்கும் தேவை இருக்கவில்லை. அவை பிழைத்து ஈன்றன, குட்டிகளுக்கும் அந்தத் தன்மை போய்ச் சேர்ந்தது. 1969-இல் பெண் யானைகளில் நூற்றுக்குப் பத்தாக இருந்த தந்தமின்மை 1989-இல் முப்பத்தெட்டாகிவிட்டது என்று ஆய்வாளர்கள் கணக்கிட்டிருக்கிறார்கள். காண்டாமிருகத்துக்கு அந்த வழியும் இல்லை; தெற்கு லுவாங்வாவில் இன்றைக்கு ஒன்றுகூடக் கிடையாது. 2003-இல் வடக்கு லுவாங்வாவில் வெளியிலிருந்து கொண்டுவந்து விட்டிருக்கிறார்கள்.

இரவில் வண்டியில் போவதும் அங்கே உண்டு, அதைப் பற்றி அதிகம் சொல்ல மாட்டேன். சிறுத்தை நிறைய இருக்கும் காடு அது. முதல் இரவில் ஒரு பெண் சிறுத்தை பூக்கு மான் ஒன்றை நோக்கிப் பதுங்கிக்கொண்டிருந்தபோது எங்கள் வண்டியோடு சேர்ந்து ஆறு வண்டிகள் வளைத்துக்கொண்டு விளக்கடித்தன. வெளிச்சத்தில் கண் கூசி நின்ற மான் ஒரு பக்கம், வேட்டை கெட்டு எழுந்து போன சிறுத்தை ஒரு பக்கம். மறுநாள் இரவு நான் வரவில்லை என்று சொல்லிவிட்டேன். கூடாரத்தில் படுத்தபடி பூக்குவின் எச்சரிக்கைச் சீழ்க்கையைக் கேட்டுக்கொண்டிருந்தேன். நம் புள்ளிமான் கத்தலைவிட மெல்லியது, ஆனால் விடாமல் வரும். சிறுத்தை எந்தப் பக்கம் நகர்கிறது என்பதை அதை வைத்தே ஓரளவு ஊகிக்க முடிந்தது.

கடைசி நாள் ஆற்றின் செங்குத்துக் கரையில் பஞ்சுருட்டான்களைப் பார்த்தோம். நம்முடையது பச்சை, இவை கருஞ்சிவப்பு. ஆகஸ்ட் கடைசியில் வந்து, மணற்சுவரில் கை நுழையும் அளவுக்கு ஆயிரக்கணக்கில் பொந்து தோண்டிக் குடியிருக்கின்றன. ஒரு பருந்து தலைக்கு மேல் போனால் கரையே பெயர்ந்து பறப்பதுபோல் இருக்கிறது.

திரும்பும் வழியில் காவலர் சட்டென்று குனிந்து, விலங்கு பிடிக்க யாரோ ஒரு மரத்தடியில் கட்டியிருந்த கம்பிச் சுருக்கைக் கழற்றிச் சுற்றிப் பைக்குள் போட்டுக்கொண்டார். யாரிடமும் எதுவும் சொல்லவில்லை. உங்கள் வீட்டுக் கொல்லையில் ஆணியில் தொங்கிய கம்பிச் சுருள்களை நான் அப்போது நினைத்துக்கொண்டதால், என் பெரியப்பாவும் இதே வேலை செய்தவர், புலியும் யானையும் உள்ள காட்டில், என்று சொன்னேன். அவர் நின்றுவிட்டார். என்ன ரைபிள் வைத்திருந்தார் என்று கேட்டார். ரைபிள் இல்லை, ஒரு தடியும் அரிவாளும்தான் என்றேன். நான் விளையாடுகிறேன் என்று நினைத்து வழிகாட்டியிடம் நியாஞ்சா மொழியில் எதையோ கேட்டார். அவர் மறுபடி என்னிடம் கேட்டு உறுதி செய்துகொண்டார்.

பிறகு முகாம் வரும்வரை அவர் பேசவில்லை. விடைபெறும்போது மட்டும் ஒரு கேள்வியை உங்களிடம் கேட்டு எழுதச் சொன்னார், அதனால் என் கேள்வியாக அல்லாமல் அவருடையதாகவே கேட்கிறேன்: அந்தப் புதர்க்காட்டில், கையில் தடியோடு, முப்பது ஆண்டு எப்படித் தினமும் வீடு திரும்பினீர்கள்? வழிகாட்டியின் முகவரிக்கு எழுதினால் படித்துக் காட்டுவார்களாம். நீங்கள் சொல்லுங்கள், நான் எழுதி அனுப்புகிறேன்.

பெரியம்மாவுக்கு என் வணக்கம்.

இப்படிக்கு,
உங்கள் அன்புள்ள
தம்பி மகள்