குச்சியை மாத்திப் புடி

ஏய் மதுரைக்காரி,

உன் லெட்டர் வந்து பதினஞ்சு நாளாச்சு, பதில் போடலன்னு திட்டாத. தோள்பட்டை வலில பேனாவே புடிக்க முடியல, இது பேத்தி வாய்ஸ் டைப்பிங் போட்டுக் குடுத்து நான் வாயால சொன்னது, அங்கங்க உளறலா இருந்தா அந்த போன திட்டு.

முட்டி தேஞ்சு போச்சு, டாக்டர் குச்சி வாங்கச் சொன்னார், வாங்கி பீரோ பின்னாடி வச்சிருக்கேன், மருமக முன்னாடி எடுக்க வெக்கமா இருக்குன்னு எழுதியிருக்க. சிரிப்பும் வந்துச்சு, கோவமும் வந்துச்சுடி. வெளியூர் போன்கால இணைச்சுக் குடுக்கற நம்ம ட்ரங்க் எக்ஸ்சேஞ்சுல என் பக்கத்து சீட்டு நீ. ஷிப்ட் முடிஞ்சா என் போலியோ காலுல மாட்டியிருக்கற இரும்புச் சட்டம், அந்த காலிப்பரோட லாக்க டக்குனு போட்டு நான் எந்திரிக்கிற சத்தத்த வச்சே மணி என்னன்னு சொல்லுவ. எனக்குன்னா அது சாதாரணம், உனக்குன்னா வெக்கமா?

விடு, என் கதைய கேளு. ரெண்டு வருஷமா எடது காலு, அதான் நாம எல்லாரும் நல்ல காலுன்னு சொல்லுவோமே அது, படி ஏறும்போது மடங்குது. சாயங்காலம் நாலு மணியானா மெயின் ஆஃப் பண்ண மாதிரி உடம்பு அணைஞ்சிடுது. வயசு, சுகர்னு நெனச்சேன். முதல்ல பாத்த டாக்டர் பையன் "போலியோவ பாடத்துல படிச்சதுதான் மேடம், நேர்ல இப்பதான் பாக்கறேன்"னு சொல்லி மியூசியத்துல சிலைய பாக்கற மாதிரி சுத்திச் சுத்திப் பாத்தான். அவன சொல்லியும் குத்தமில்ல, நாட்டுல இயற்கையா பரவற போலியோவோட கடைசி கேஸ் 2011 ஜனவரில ஹவுரா பக்கம் ஒரு கொழந்தைக்கு வந்ததோட சரி, 2014ல ஒழிச்சாச்சுன்னு சர்டிபிகேட்டும் குடுத்துட்டாங்க. நோய் ஒழிஞ்சிடுச்சு, நாங்க இன்னும் ஒழியல.

அவனே ஒரு பெரிய டாக்டரம்மாகிட்ட அனுப்பினான். அவங்க சொன்னது நமக்கு நல்லா புரியற விஷயம். ரெண்டு வயசுல வந்த காய்ச்சல்ல கொஞ்சம் நரம்பு செத்துப் போச்சாம், மிச்சம் இருந்த நரம்பு புதுசா கிளை விட்டு, செத்ததோட தசையையும் தானே எடுத்துக்கிட்டு வேல பாத்துச்சாம். நாலு லைன் அறுந்து போய் இருக்கற ரெண்டு லைன்லயே எல்லா போன்காலையும் தள்ளுவோமே, தீபாவளி சமயத்துல, அந்த மாதிரி. அம்பத்தஞ்சு வருஷத்துக்கு மேல ஓவர்லோடு, இப்ப அந்த ரெண்டும் ஒண்ணொண்ணா கழண்டுக்குது. போஸ்ட் போலியோன்னு பேராம். குணமாக்க மருந்து கெடையாது, களைப்பு வர்றதுக்கு முன்னாடியே ஓய்வு எடுக்கணும், வம்படியா எக்சர்சைஸ் பண்ணா இருக்கறதும் போயிடும்னாங்க.

எனக்கு அழுகையே வந்துச்சுடி. முயற்சி பண்ணு, முயற்சி பண்ணுன்னே வளத்தாங்க என்னை. ஸ்கூல்ல சேக்க மாட்டேன்னப்ப எங்கம்மா ஹெட்மாஸ்டர் முன்னாடி என்னை மூணு மாடி ஏற வச்சுக் காட்டினா. இப்ப அதே உடம்ப வச்சுக்கிட்டு ஏறாதங்கறாங்க. ஒரு மாசம் யார்கிட்டயும் பேசல.

அப்புறம் வீல்சேர் வாங்கினேன். அதுல உக்காந்தா தோத்துட்டோம்னு அர்த்தம்னு வாழ்நாள் பூரா ஒதுக்கி வச்ச சாமான். வாங்கின மறுநாள் மார்க்கெட் போயிட்டு வந்து, நம்பமாட்ட, சாயங்காலம் அஞ்சரைக்கு நானே ரசம் வச்சேன். நடந்தே போயிருந்தா அன்னிக்கு ராத்திரி மோர்சாதந்தான்.

போன மாசம் மெரினாவும் போனேன். நம்ம மாதிரி ஆளுங்களுக்கு மரப்பலகைல பாதை போட்டாங்களே, 2022 நவம்பர்ல தொறந்து ரெண்டே வாரத்துல மாண்டஸ் புயல்ல பேந்து போய் திரும்ப சரி பண்ணாங்களே, அது. அதுக்கு முன்னாடியெல்லாம் மணல்ல நான் ஊனிக்கிற கட்டை புதைஞ்சிடும், ரோட்டோரம் கார்லேந்தே கடலப் பாத்துட்டு சுண்டல் தின்னுட்டு வருவேன். இப்ப பலகை கடைசி வரைக்கும் உருட்டிட்டு போயிட்டா பேத்தி. தண்ணி அங்கேந்தும் கொஞ்சம் தள்ளிதான். அவ ரெண்டு கையிலயும் அள்ளிட்டு ஓடி வந்தா, வர்றதுக்குள்ள பாதி ஒழுகிடுச்சு, மீதிய என் காலிப்பர் இல்லாத காலுல ஊத்தினா. அறுவத்தி நாலு வயசு எனக்கு. உப்பு காஞ்சு கால் வெள்ளையா ஆச்சு, வீட்டுக்கு வந்தும் ரொம்ப நேரம் கழுவல.

இப்ப உன் குச்சி. வலது முட்டிதான வலிக்குது, அப்ப குச்சிய எடது கைல புடிக்கணும், எல்லாரும் தப்பா வலிக்கற பக்கமே புடிப்பாங்க. செருப்பு போட்டு நேரா நின்னு கைய தொங்க விடு, மணிக்கட்டு ரேகை எங்க வருதோ அதான் உயரம், கூட இருந்தா கட் பண்ணச் சொல்லு. அடில ரப்பர் புஷ் ஒரு பக்கமா தேயும், மாசம் ஒருக்கா திருப்பிப் பாரு, வழுவழுன்னு ஆயிட்டா மாத்திடு, பாத்ரூம்ல அதுதான் ஆள விழ வைக்கும்.

தை மாசம் கல்யாணத்துக்கு வர்றல்ல, குச்சியோட வா. ட்ரெயின்ல சீட்டுக்கு அடில போடாத, கைலயே வச்சிக்க. எனக்கும் ரெண்டு புஷ் வாங்கிட்டு வா, பெரிய சைஸ், இங்க கெடைக்கறது ரெண்டு மாசம் கூட தாங்கல.

உன்
டக்கு லாக்கு