ஆண்டறிக்கை 2024–25: 14.2 மீட்டர் ஆழமும் கரையில் கழியும் நேரமும்

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, பொருளாளர் அவர்களே, செயற்குழு உறுப்பினர்களே, ஏற்றுமதி இறக்குமதி, சுங்கத் தரகு, கப்பல் முகமை, டிரெய்லர் தொழில்களிலிருந்து வந்திருக்கும் உறுப்பினர்களே, அனைவருக்கும் வணக்கம்.

2024 ஏப்ரல் முதல் 2025 மார்ச் வரையிலான ஆண்டறிக்கையை இந்தப் பொதுக்குழுவின் முன் வைக்கிறேன். மார்ச்சுக்குப் பின் நடந்தவற்றில் நம் தொழிலை நேரடியாகத் தொடுபவற்றையும் சேர்த்திருக்கிறேன். வரவு செலவைப் பொருளாளர் தனியே வாசிப்பார்.

துறைமுக நிலவரம்

தூத்துக்குடி வ.உ.சிதம்பரனார் துறைமுகம் கடந்த நிதியாண்டிலும் 4 கோடி டன் சரக்கைத் தாண்டியது. 2024 செப்டம்பர் 16 அன்று 9-ஆம் தளத்தில் புதிய பன்னாட்டுச் சரக்குப் பெட்டக முனையம் திறக்கப்பட்டது. தளத்தின் நீளம் 370 மீட்டர், மிதவை ஆழம் (கப்பலின் அடிப்பகுதி நீருக்குள் இறங்கியிருக்கக்கூடிய அளவு) 14.20 மீட்டர், ஆண்டுத் திறன் 6 லட்சம் டி.இ.யு. (20 அடிப் பெட்டிக் கணக்கு). அங்கே வேலை செய்பவர்களில் 40 சதவீதம் பெண்கள் என்று திறப்பு விழாவில் அறிவிக்கப்பட்டது. ஆண்கள் மட்டுமே நின்ற இந்த வேலைக்களத்தில் இது சின்ன மாற்றமில்லை. 2025 ஜூலை 26 அன்று வடக்குச் சரக்குத் தளம் 3, ஆண்டுக்கு 69.6 லட்சம் டன் திறனுடன், சுமார் 285 கோடி ரூபாய்ச் செலவில் பயன்பாட்டுக்கு வந்தது. அன்றே 5.16 கிலோமீட்டர் துறைமுகச் சாலை ஆறுவழியாகத் திறக்கப்பட்டது.

14.20 என்ற எண்ணைப் பற்றி உறுப்பினர்கள் அடிக்கடி கேட்பதால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். நம்முடையது இயற்கை வளைகுடா அல்ல. தலா 4 கிலோமீட்டர் அளவுக்குக் கடலுக்குள் நீளும் இரண்டு இணையான கல் அலைதடுப்புச் சுவர்கள், அவற்றுக்கிடையே 1,275 மீட்டர் அகலத்தில் அடைக்கப்பட்ட நீர்ப்பரப்பு, இதுதான் 1974-இல் பெருந்துறைமுகமாக அறிவிக்கப்பட்ட நம் செயற்கை ஆழ்கடல் துறைமுகம். கடலடியில் இருப்பது பெரும்பகுதி பாறை. வெட்டிய ஆழம் எளிதில் தூர்ந்துபோகாது என்பது இதில் லாபம். ஒவ்வொரு அரை மீட்டரையும் பாறையை அறுத்துத்தான் எடுக்க வேண்டும் என்பது செலவு. 10.7, 12.8, 14.2 என்று படிப்படியாக ஏறியதற்கு இத்தனை ஆண்டுகள் ஆனது அதனால்தான். மன்னார் வளைகுடா கடல்சார் தேசியப் பூங்காவின் தீவுகள் பக்கத்திலேயே இருப்பதால் நினைத்தபடி வெடிவைத்து உடைக்கவும் முடியாது.

இன்னொன்று, இங்கே ஓதம் குறைவு. ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் உள்ள வித்தியாசம் ஒரு மீட்டருக்குள்தான். குஜராத்தின் காண்ட்லா துறைமுகம் போல ஓதம் ஏறும் நேரம் பார்த்து ஆழமான கப்பலை உள்ளே கொண்டுவரும் வழி நமக்கு இல்லை. ஓடும் கப்பல் நிற்கும் கப்பலைவிடச் சற்றுத் தாழ்ந்து அமரும். அதன் அடிப்பகுதிக்கும் பாறைக்கும் நடுவே இடைவெளியும் வேண்டும். ஆகவே வெட்டிய ஆழம் முழுவதும் மிதவை ஆழம் ஆகிவிடாது. நிலக்கரி, சுண்ணாம்புக்கல் இறக்குமதி செய்வோருக்கு இதன் விலை தெரியும். ஒரு பனாமாக்ஸ் (பனாமா கால்வாயில் போகும் அளவிலான) கப்பல் ஒரு சென்டிமீட்டர் தாழ சுமார் 65 முதல் 70 டன் வரை பிடிக்கும். மிதவை ஆழத்தில் 10 சென்டிமீட்டர் குறைந்தால் ஏறத்தாழ 700 டன் சரக்கைக் குறைத்து ஏற்ற வேண்டும், ஆனால் கப்பல் வாடகை குறையாது.

கொழும்பும் விழிஞ்ஞமும்

பெட்டகச் சரக்கில் நம் பெரிய சங்கடம் மாறவில்லை. திருப்பூர், கரூர் ஆடையும் வீட்டுத் துணிகளும், தூத்துக்குடி இறாலும், பொள்ளாச்சிப் பக்கத்துத் தென்னை நார்க்கழிவும் பெரும்பாலும் சிறு கப்பலில் கொழும்பு போய், அங்கே தாய்க்கப்பல் எனப்படும் பெரிய கப்பலுக்கு மாறுகின்றன. 2023 இறுதியில் செங்கடல் வழி ஆபத்தானதும் கப்பல்கள் நன்னம்பிக்கை முனையைச் சுற்றத் தொடங்கின. ஐரோப்பாவுக்கு ஒருவழியில் 10 முதல் 14 நாள் வரை கூடியது. நாள் கூடியதைவிடக் கப்பல்கள் முறை தவறிக் கூட்டமாக வந்து சேர்ந்ததுதான் கொழும்பில் நெரிசலைக் கொண்டுவந்தது. நம் பெட்டி உரிய நாளில் இங்கிருந்து கிளம்பியும் அங்கே தாய்க்கப்பலைத் தவறவிட்டு அடுத்த வாரத்துக்குத் தள்ளப்பட்டதாக வந்த புகார்களே ஆண்டு முழுவதும் அதிகம்.

கேரளத்தின் விழிஞ்ஞம் துறைமுகத்துக்கு 2024 ஜூலை 11 அன்று முதல் தாய்க்கப்பல் வந்தது. 2025 மே 2 அன்று துறைமுகம் முறைப்படி நாட்டுக்கு அர்ப்பணிக்கப்பட்டது. இயற்கையிலேயே 18 மீட்டருக்கு மேல் ஆழம், பன்னாட்டுக் கப்பல் தடத்துக்கு சுமார் 10 கடல்மைல் தூரம், முதற்கட்டமாக 800 மீட்டர் தளம். 24,000 டி.இ.யு. வகைக் கப்பலே அங்கே கட்டியாயிற்று. இதைப் பார்த்துத் தூத்துக்குடி முடிந்தது என்று பேசுவதில் செயற்குழுவுக்கு உடன்பாடில்லை. கப்பல் மாற்றும் இடம் இன்னொன்று கிடைத்திருக்கிறது என்பதே செயற்குழுவின் கருத்து. 2018-இல் கடலோரக் கப்பல் விதி தளர்த்தப்பட்டபின் வெளிநாட்டுக் கொடிக் கப்பலும் நம் பெட்டியை விழிஞ்ஞத்துக்கு எடுத்துப்போகலாம். முன்பதிவு செய்யும்போது கப்பல் நிறுவனத்திடம் கப்பல் மாற்றும் இட வாரியாக விலையும் நாளும் கேட்டு வாங்குங்கள். ஒரே மேற்கோளோடு நிற்பவர்கள்தான் நெரிசலில் மாட்டுகிறார்கள்.

வெளித்துறைமுகப் பெட்டக முனையத்துக்கு 2024 பிப்ரவரி 28 அன்று அடிக்கல் நாட்டப்பட்டது. மதிப்பீடு சுமார் 7,056 கோடி ரூபாய், தலா 1,000 மீட்டரில் இரண்டு தளங்கள், 40 லட்சம் டி.இ.யு. அது வரும்வரை இப்போதைய 14.2 மீட்டரில் நடுத்தரத் தாய்க்கப்பல்கள் வரலாம். வரவைப்பது எது என்பதே கேள்வி. ஒரு கணக்குச் சொல்கிறேன். 1,000 பெட்டி ஏற்றி இறக்க வேண்டிய கப்பலுக்கு, மணிக்கு 25 பெட்டி வீதம் இரண்டு கிரேன் என்றால் 20 மணி நேரம், மூன்று கிரேன் என்றால் சுமார் 13 மணி நேரம். ஆனால் பெட்டி வரிசையாக முற்றத்தில் காத்திருந்தால்தான் மூன்றாவது கிரேனுக்கு வேலை. பெட்டி வாசலில் நின்றால் கிரேன் சும்மா நிற்கும். பாறையை வெட்ட நம்மால் ஆகாது. வாசல் தாமதத்தில் பாதிக்கு மேல் நம் பக்கத்துப் பிழை. இந்த ஆண்டுச் சங்கப் பணி முழுவதும் அதை நோக்கியே நடந்தது.

வாசலில் எங்கே தடுக்கிறது

தொழிற்சாலையிலேயே முத்திரையிட்ட பெட்டி, சி.எஃப்.எஸ். எனும் சரக்குப் பெட்டக நிலையத்துக்குப் போகாமல் நேராக முனையத்துக்குப் போகும் நேரடித் துறைமுக நுழைவு வசதி 2018 முதல் துறைமுக லாரி நிறுத்துமிடத்தில் நடக்கிறது. நடைமுறை சிக்கலானதல்ல. மின்னணு முத்திரை போட்டு, அதன் எண்ணை ஷிப்பிங் பில் (ஏற்றுமதிச் சுங்க ஆவணம்), பெட்டி எண், லாரி எண் ஆகியவற்றோடு இணைத்துப் பதிவேற்ற வேண்டும். நிறுத்துமிடத்தில் கருவி முத்திரையைப் படிக்கும். முத்திரை சேதமில்லை, பரிசோதனைக் குறியீடும் இல்லை என்றால் ஏற்றுமதி அனுமதி, அதன்பின் முனைய நுழைவுக்கான ஃபார்ம் 13, பிறகு வாசல்.

தவறுவது பெரும்பாலும் மூன்று இடங்களில். வழியில் இழுவண்டி பழுதாகி வேறு வண்டி மாற்றுகிறார்கள், பதிவில் பழைய லாரி எண்ணே நிற்கிறது. முத்திரை எண்ணில் ஒரு எழுத்துப் பிசகு. அடுத்தது எடை. பெட்டியின் சரிபார்த்த மொத்த எடை 2016 ஜூலை 1 முதல் உலகெங்கும் கட்டாயம். நிரப்பிய பெட்டியை எடைமேடையில் ஏற்றலாம், அல்லது உள்ளே போகும் ஒவ்வொன்றையும் எடைபோட்டுப் பெட்டியின் காலி எடையைக் கூட்டலாம். இரண்டாவது முறையில் மரப்பலகைத் தட்டுகளை மறந்துவிடுகிறார்கள். தட்டு 20 கிலோ, பெட்டிக்கு 20 தட்டு என்றால் 400 கிலோ கணக்கில் வராது. நார்க்கழிவுக் கட்டி இன்னும் மோசம். 5 கிலோ என்று அச்சடித்த கட்டி மழைநாளில் ஈரம் குடித்து எடை கூடிவிடும், பழைய எடையையே எழுதுவார்கள். மழைக்காலத்தில் நார்க்கழிவுக்கு எடைமேடை முறையைத் தவிர வேறு வேண்டாம் என்று சுற்றறிக்கை அனுப்பியிருக்கிறோம். அதே தட்டுகளில் வெப்பப் பதப்படுத்தல் முத்திரை தெளிவாக இருக்கிறதா என்பதையும் பாருங்கள். மரத்தின் நடுப்பகுதி 56 டிகிரியில் 30 நிமிடம் சூடேறியிருக்க வேண்டும் என்பது விதி. முத்திரை அழிந்திருந்தால் போய்ச்சேரும் துறைமுகத்தில் சரக்கே திரும்பலாம்.

கோவில்பட்டி, சிவகாசித் தீப்பெட்டி அனுப்புவோருக்கு: பாதுகாப்புத் தீக்குச்சி அபாயச் சரக்கு, வகை 4.1, ஐ.நா. எண் 1944. நான்கு பக்கமும் அறிவிப்புப் பலகை ஒட்ட வேண்டும். மூன்று பக்கம் ஒட்டிவிட்டுக் கதவுப் பக்கத்தை விட்டுவிட்டு வந்த வண்டிகள் வாசலில் திருப்பப்படுகின்றன.

கப்பல் கிளம்பியபின் வரும் தொல்லை, ஏற்றுமதிப் பட்டியல் பிழை. பெட்டி எண் பொருந்தாவிட்டாலோ, ஏற்றுமதி அனுமதித் தேதி கப்பல் புறப்பட்ட தேதிக்குப் பிந்தியதாக இருந்தாலோ டிராபேக் எனும் சுங்கவரித் திருப்பித் தொகை நகராது. கப்பல் போன வாரத்திலேயே ஐஸ்கேட் சுங்க இணையதளத்தில் நிலையைப் பார்த்துவிட்டால் திருத்தம் சுலபம். மாதங்கள் கழித்துக் கப்பல் முகவரைத் தேடிப்போவது வீண் அலைச்சல்.

இறக்குமதியில், கப்பல் வருவதற்கு முந்தைய நாளுக்குள் நுழைவுப் பில் (இறக்குமதிச் சுங்க ஆவணம்) தாக்கல் செய்யாவிட்டால் முதல் மூன்று நாட்களுக்கு நாளுக்கு 5,000 ரூபாய், அதற்குப்பின் நாளுக்கு 10,000 ரூபாய். முன்கூட்டித் தாக்கல் செய்ய 30 நாள் வசதி இருந்தும், அசல் ஆவணம் வரட்டும் என்று முந்திரிக்கொட்டை இறக்குமதியாளர்கள் காத்திருக்கிறார்கள். தாமதக் கட்டணம் போதாதென்று முனைய வாடகையும் பெட்டியைத் திருப்பித் தரத் தாமதித்ததற்குக் கப்பல் நிறுவனம் கேட்கும் டிடென்ஷனும் சேர்ந்துகொள்கின்றன. ஈரமான கொட்டை மூடிய பெட்டிக்குள் சூடேறித் தரம் இறங்குவதை எந்தப் பில்லிலும் காணமுடியாது.

ரீஃபரும் காற்றும்

இறால் ஏற்றுமதியாளர்கள் கேட்டதற்கிணங்க ரீஃபர் எனும் குளிர்பதனப் பெட்டி பற்றிய பயிற்சி வகுப்பு நடத்தினோம். அங்கே வலியுறுத்தியவை: உறைந்த சரக்குக்கு வெளிக்காற்றுத் துவாரம் முழுக்க மூடியிருக்க வேண்டும். காய்கறி அனுப்பிய பெட்டி அப்படியே திரும்பி வரும்போது துவாரம் திறந்தே இருக்கும். ஈரக்காற்று உள்ளே போய்க் குளிர்சுருளில் பனி படியும், மின்விசிறி ஓடியும் குளிர் இறங்காது. உட்சுவரில் இருக்கும் சிவப்புக் கோட்டுக்கு மேல் அட்டைப்பெட்டி அடுக்கக் கூடாது. குளிர்க்கூடத்தோடு ஒட்டிய ஏற்றுமேடை இல்லாத இடத்தில் காலிப் பெட்டியை முன்கூட்டிக் குளிர்விக்கவும் கூடாது. கதவைத் திறந்ததும் நம் ஊர்ப் புழுக்கம் உள்ளே போய் நீராகக் கொட்டும். ரீஃபர் புதிதாகக் குளிர்விக்கும் கருவி அல்ல, இருக்கிற குளிரைக் காப்பது. இறால் மைனஸ் 18-இல் ஏறினால்தான் மைனஸ் 18-இல் போய்ச்சேரும்.

ஆடிக்காற்றில் காலிப் பெட்டி முற்றங்கள் இந்த ஆண்டும் கவலை தந்தன. ஒற்றை வரிசையாக ஐந்தடுக்கு நிறுத்துவது ஆபத்து. பல வரிசைகளைச் சேர்த்துக் கட்டாக அடுக்கி, காற்று வரும் பக்கம் படிப்படியாக உயரம் குறைக்க வேண்டும். காற்றாலை இறகுகள் 80 மீட்டர் நீளத்தையும் தாண்டிவிட்டதால், பெட்டி கிரேன்கள் ஓடிக்கொண்டிருக்கும் காற்றிலும் இறகு ஏற்றுவதை நிறுத்த வேண்டியிருக்கிறது. அவ்வளவு பரப்பில் பிடிக்கும் காற்றைக் கயிறு பிடிப்பவர்களால் தாங்க முடியாது. இறகு அனுப்புவோர் ஆடியில் இரண்டு நாளாவது கூடுதலாகக் கணக்கிட்டுக் கப்பல் பேசுவது நல்லது.

கோரிக்கைகள்

நிலக்கரித் தூசி உப்பளங்களில் படிவது குறித்து உப்பு உற்பத்தி உறுப்பினர்களின் மனுவை உரிய அலுவலகத்துக்கு மீண்டும் அனுப்பியிருக்கிறோம். குவியலுக்குத் தண்ணீர் தெளிப்பதோடு, வெளியேறும் லாரிகளுக்குத் தார்ப்பாய் மூடலும் சக்கரக் கழுவலும் கட்டாயமாக வேண்டும் என்பது கோரிக்கை. ஆறுவழிச் சாலை வந்தபின்னும் ஓரத்தில் டிரெய்லர் நிறுத்தினால் அது நான்குவழிதான். ஓட்டுநருக்குக் கழிப்பறையும் குளியலும் இல்லாமல் நிறுத்துமிடத்துக்குப் போ என்று மட்டும் சொல்வது நியாயமில்லை என்பதையும் மனுவில் சேர்த்தோம்.

பழைய துறைமுகத் தோணித் தொழில், வழக்கம்போல் ஜூன் முதல் ஆகஸ்ட் வரை கரையில் நின்று, மீண்டும் மாலத்தீவுக்குக் கிளம்பியிருக்கிறது.

2025 மே 25 அன்று, விழிஞ்ஞத்திலிருந்து கொச்சி போன எம்.எஸ்.சி. எல்சா 3 கப்பல் 640 பெட்டிகளோடு மூழ்கியது. அதிலிருந்து சிதறிய பிளாஸ்டிக் மணிகள் தனுஷ்கோடி வரை ஒதுங்கின. பக்கத்துத் துறைமுகம்தானே என்று சிறு கப்பல் பயணத்துக்குக் காப்பீடு இல்லாமல் அனுப்பும் வழக்கத்தை உறுப்பினர்கள் விட வேண்டும். பாலிசி தாய்க்கப்பலில் தொடங்குகிறதா, நம் கிடங்கு வாசலில் தொடங்குகிறதா என்று படித்துப் பாருங்கள்.

2025 ஆகஸ்ட் 27 முதல் அமெரிக்கா விதித்த 50 சதவீத வரியால் இறாலும் ஆடையும் அடிபட்டன. அனுப்பி நடுவழியில் இருக்கும் பெட்டிகளுக்கு வாங்குபவர் விலைக்குறைப்புக் கேட்டால் எழுத்தில் வாங்குங்கள், பிறகு வங்கியில் ஏற்றுமதித் தொகைக் கணக்கை முடிக்க அது வேண்டும்.

வடகிழக்குப் பருவமழைக்கு முன் முடிக்க வேண்டியவை: கிடங்குக் கூரையும் வடிகாலும், எடைமேடையின் முத்திரைப் புதுப்பிப்பு, பெட்டிக்குள் ஒளி வருகிறதா என்று கதவை அடைத்துப் பார்க்கும் ஓட்டைச் சோதனை, ஈரம் உறிஞ்சும் பைகளின் இருப்பு. 2023 டிசம்பர் வெள்ளத்தில் சாலை அறுந்தபோது தரைமட்டத்தில் சரக்கு வைத்திருந்தவர்கள் முழுதும் இழந்தார்கள். தரையிலிருந்து இரண்டு தட்டு உயரத்துக்குக் கீழே எதையும் அடுக்க வேண்டாம்.

இந்த அறிக்கையைப் பொதுக்குழுவின் ஒப்புதலுக்கு வைக்கிறேன்.

நன்றி.
செயலாளர்
தூத்துக்குடி, செப்டம்பர் 2025